மண்ணுக்குள் போனவர்கள்

எம்.ஜி.கே. மேனன் 2016 நவம்பரில் காலமானார். பி.வி. ஸ்ரீகண்டன் 2019 அக்டோபரில். இங்கிலாந்தின் அர்னால்ட் வுல்ஃபென்டேல் 2020 டிசம்பரில். மூவரும் இயற்பியல் விஞ்ஞானிகள். மேனன் மத்திய அமைச்சராகவும் இருந்தவர். ஸ்ரீகண்டன் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநர் பதவியை வகித்தவர். வுல்ஃபென்டேல் பிரிட்டனின் அரச வானியலாளர் என்ற கௌரவத்தைப் பெற்றவர். மூவரின் வாழ்க்கைக் குறிப்பை எழுதும்போதும் தவிர்க்க முடியாத ஓர் ஊர் உண்டு. அது கோலார் தங்கவயல்.

காரணம் எளிது. வானிலிருந்து ஓயாமல் பொழியும் காஸ்மிக் கதிர்களின் இரைச்சலிலிருந்து தப்ப பூமிக்குள் ஆழமாகப் போக வேண்டும். ஹோமி பாபா 1951இல் இளைஞர் ஸ்ரீகண்டனைத் தங்கவயலுக்கு அனுப்பினார். 1965இல் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், தரைக்குக் கீழே சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், வளிமண்டலத்தில் உருவாகும் நியூட்ரினோ துகள்களின் தடயம் பிடிபட்டது. இந்தியாவும் ஜப்பானும் பிரிட்டனும் சேர்ந்து செய்த அந்தச் சோதனை, உலகிலேயே முதலாவதாக அறிவிக்கப்பட்டவற்றில் ஒன்று. இன்றும் இயற்பியல் நூல்களில் அதற்கு இடம் இருக்கிறது.

ஆனால் அந்த விஞ்ஞானிகள் தாமாகவே இரண்டேகால் கிலோமீட்டர் இறங்கிவிடவில்லை. கேஜில் ஏற்றி அவர்களைக் கீழே அனுப்பியவர்கள் இருந்தார்கள். அவர்கள் நடந்த குகைப் பாதையைக் குடைந்தவர்கள், மேற்கூரை சரியாமல் முட்டுக் கொடுத்தவர்கள், காற்றும் மின்சாரமும் வந்துகொண்டிருக்கப் பார்த்துக்கொண்டவர்கள் எல்லாம் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். அவர்களும் ஒவ்வொருவராக இறந்துகொண்டிருக்கிறார்கள்.

அவர்களுக்கான இரங்கல் குறிப்பு சுவரில் ஒட்டப்படும் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிதான். ஒரு புகைப்படம், தோற்றம், மறைவு, கீழே மகன்கள், மருமகள்கள், பேரன் பேத்திகளின் பெயர்கள். ஒரு மழைக்கு அது தாங்காது. அந்த மனிதர் முப்பது வருடம் எந்தச் சுரங்கத்தில், என்ன வேலை செய்தார் என்பது பெரும்பாலும் அதில் இருக்காது. ஊருக்கே தெரிந்த சங்கதியை யாரும் அச்சடிப்பதில்லை. ஊருக்கும் மறந்துபோகும் காலம் வரும் என்பதுதான் பிரச்சினை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சுரங்கங்கள் அரசுடைமையான 1956இல் இருபது வயதில் வேலைக்குச் சேர்ந்தவருக்கு இன்று தொண்ணூறை நெருங்கும் வயது. 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் கதவைச் சாத்தியபோது நாற்பது வயதாக இருந்தவர் இப்போது அறுபதுகளின் நடுவில் இருக்கிறார். அந்தக் கடைசித் தலைமுறைக்குப் பிறகு, உள்ளே இறங்கி வேலை பார்த்தேன் என்று சொல்ல ஊரில் ஒருவரும் இருக்க மாட்டார்கள்.

இவர்களுடைய பாட்டன்மார்கள் வந்த கதை ஏறக்குறைய ஒன்றேதான். நியூசிலாந்துப் போரிலிருந்து திரும்பிய லவெல் என்ற அயர்லாந்துக்காரர் 1870களில் மைசூர் சமஸ்தானத்திடம் உரிமம் வாங்கி மண்ணைத் தோண்டினார். 1880களில் லண்டனின் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் வந்த பிறகுதான் தங்கம் கண்ணில் பட்டது. வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக ஆட்கள் வந்தார்கள். பெரும்பாலோர் நிலமில்லாத தலித் மக்கள். பஞ்சமும் பண்ணையாரும் துரத்த, ரொக்கக் கூலி இழுக்க, வந்து சேர்ந்தவர்கள். அவர்களுக்குக் கிடைத்தவை தட்டி வைத்து அடைத்த ஒற்றை அறைகள். வரிசையாக இருந்ததால் 'லைன்' என்று பெயர் வந்தது. அதே ஊரில் வெள்ளை அதிகாரிகளுக்குப் பங்களாவும் கிளப்பும் கோல்ஃப் மைதானமும் இருந்தன. 1902இல் சிவனசமுத்திரத்திலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தூரம் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்தது சுரங்கத்துக்காக.

அந்த லைன்களில் வாழ்ந்தவர்கள் வெறும் கூலிகளாக இருந்துவிடவில்லை என்பதற்கு அழுத்தமான சாட்சி உண்டு. அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த இயக்கம் வேரூன்றிய இடங்களில் தங்கவயல் முக்கியமானது. 1914இல் பண்டிதர் மறைந்த பிறகு அவருடைய நூல்களை அச்சிட்டுக் காப்பாற்றியது சாம்பியன் ரீஃப்பின் சித்தார்த்தா புத்தகசாலை. அவர் நடத்திய 'தமிழன்' பத்திரிகை பின்னாளில் தங்கவயலிலிருந்து மீண்டும் வெளிவந்தது. தமிழகம் பல பத்தாண்டுகள் மறந்திருந்த ஒரு சிந்தனையாளரின் நினைவைத் தக்கவைத்ததில் சுரங்கத்துக்குள் இறங்கியவர்களின் கூலிக் காசுக்கும் பங்கு உண்டு. இன்னொருவரின் எழுத்தைக் காப்பாற்றிய ஊருக்குத் தன் கதையை எழுதிவைக்க ஆள் இல்லை.

கம்பெனி அவர்களைப் பதிவு செய்யாமல் இல்லை. தனக்கு வேண்டியதைப் பதிவு செய்தது. 1930இல் தொழிலாளர்களின் கைரேகையை எடுக்க நிர்வாகம் முனைந்தபோது ஊரே வேலைநிறுத்தத்தில் இறங்கியது. குற்றவாளிகளுக்குச் செய்வதைத் தங்களுக்குச் செய்வதா என்ற கோபம். 1946 நவம்பர் 4 அன்று போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் ஆறு தொழிலாளர்கள் இறந்தார்கள். அந்த ஆறு பேரைத் தொழிற்சங்கங்கள் தியாகிகளாக நினைவில் வைத்திருக்கின்றன. பாறை வெடித்துச் சிதறும் விபத்தில் இறந்தவர்களுக்கும் ஒரு கணக்கு உண்டு. உள்ளூரில் அதற்கு 'ஏர் பிளாஸ்ட்' என்று பெயர். மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், தொட்டால் சுடும் பாறை, மேலிருக்கும் மலையின் பாரம் தாங்காமல் திடீரென்று வெடிக்கும். அப்படி ஒரு சாவு நேர்ந்தால் சட்டப்படி அறிக்கை, விசாரணை, நஷ்டஈடு எல்லாம் உண்டு. நின்ற இடத்தில் செத்தால் சாவுக்குக் கணக்கு இருந்தது.

மெதுவாகச் செத்தால்?

தங்கம் இருப்பது குவார்ட்ஸ் எனப்படும் வெண்கல்லில். அதைத் துளையிட்டு உடைக்கும்போது எழும் மிக நுண்ணிய தூசி நுரையீரலுக்குள் போய்த் தங்கிவிடும். அதைச் சுற்றித் தழும்பு வளரும். மூச்சு மெல்ல மெல்லச் சுருங்கும். இதுதான் சிலிகோசிஸ். இந்தியாவில் இந்த நோய் முதலில் கண்டறியப்பட்டு எழுதப்பட்ட இடங்களில் கோலார் முதன்மையானது. 1940இலேயே மைசூர் அரசு இதற்கென்று தனி விதிகளைக் கொண்டுவந்தது. 1940களில் நடந்த ஒரு பரிசோதனையில் 7,653 தொழிலாளர்கள் சோதிக்கப்பட்டார்கள். நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டவர்களிடம் நோய் இருந்தது. பிறகு தண்ணீர் பாய்ச்சித் துளையிடும் முறையும் காற்றோட்டமும் மேம்பட்டு நிலைமை சீரடைந்தது. நோய் முற்றிலும் ஒழிந்துவிடவில்லை.

இந்த நோயின் குணம் விபரீதமானது. தூசியை விட்டு விலகிய பிறகும் அது நிற்பதில்லை. பத்து, இருபது ஆண்டுகள் கழித்துக்கூட வெளிப்படும். இருமலும் இளைப்பும் காசநோயைப் போலவே இருக்கும். போதாக்குறைக்கு சிலிகோசிஸ் உள்ளவருக்குக் காசநோய் தொற்றும் அபாயமும் அதிகம். சுரங்கத் தொழிலே தெரியாத ஒரு மருத்துவர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்து டி.பி. என்று எழுதிவிடுவது நாடெங்கும் நடப்பதுதான். தங்கவயலில் அந்த நோயைப் பார்த்தே பழகிய மருத்துவமனை ஒன்று இருந்தது. சுரங்கத்தோடு அதுவும் மூடப்பட்டது. 2021இல் கொரோனா இரண்டாவது அலையின்போது ஊர்க்காரர்கள் திரண்டு, இருபது ஆண்டுக் குப்பையை வாரி, அந்தக் கட்டடத்தைச் சிகிச்சை மையமாக்கினார்கள். ஊர் அதை எவ்வளவு காலம் மனத்தில் சுமந்திருந்தது என்பதற்கு அது ஓர் அடையாளம்.

ஆக, 2001க்குப் பிறகு இறக்கும் ஒரு சுரங்கத் தொழிலாளியின் இறப்புப் பதிவில் என்ன இருக்கும்? மாரடைப்பு, காசநோய், மூச்சுத்திணறல், முதுமை. சுரங்கம் என்ற வார்த்தை இருக்காது. எழுபது வயதுக்காரர் இருமி இறந்தால் வயதாகிவிட்டது என்று சொந்தக்காரர்களே சொல்லிவிடுவார்கள். காரணம் எழுதப்படாததால் அந்தச் சாவு எந்தக் கணக்கிலும் சேராது. கணக்கில் சேராத சாவுக்கு நிவாரணம் கேட்கவும் வழியில்லை. விதவையின் கையில் இருப்பது ஒரு புகைப்படமும் பழைய அடையாள அட்டையும் மட்டுமே.

இது மாற்ற முடியாத விதி அல்ல. கல் குவாரிகளும் சுரங்கங்களும் நிறைந்த ராஜஸ்தான் 2019இல் இதற்கென்று ஒரு கொள்கையையே அறிவித்தது. நோய் உறுதியானால் தொழிலாளிக்கு 3 லட்சம் ரூபாய், இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம், மாத ஓய்வூதியம் என்று வகுத்தது. நடைமுறையில் குறைகள் இருக்கலாம். ஆனால் நோய்க்குப் பெயர் சொல்லும் ஒரு சான்றிதழ் அங்கே இருக்கிறது. இந்த நோயை நாட்டிலேயே முதலில் ஆராய்ந்த மண்ணில், உயிரோடு இருக்கும் முன்னாள் தொழிலாளர்களை அழைத்து மார்பு எக்ஸ்ரே எடுத்து, எத்தனை ஆண்டு எந்த வேலை பார்த்தார்கள் என்று கேட்டு எழுதி, சான்று தருவது கர்நாடக அரசுக்கு மலையைப் புரட்டும் வேலை அல்ல. பணிப் பதிவேடுகளைத் தேடித் தரும் பொறுப்பு மத்திய சுரங்க அமைச்சகத்துக்கு உண்டு. நிறுவனம் அதனுடையதுதான்.

தங்கவயல்மீது நாட்டுக்கு அக்கறை இல்லை என்றும் சொல்ல முடியாது. 2018லும் 2022லும் 'கே.ஜி.எஃப்.' படங்கள் ஓடின. 2024இல் 'தங்கலான்' வந்தது. அதே 2024இல், ஊரைச் சுற்றி மலைபோலக் குவிந்திருக்கும் சயனைடு மண்மேடுகளில் பதின்மூன்றை ஏலம் விட்டு எஞ்சிய தங்கத்தை எடுக்கும் மத்திய அரசின் யோசனைக்குக் கர்நாடக அமைச்சரவை இசைவு தெரிவித்தது. நூற்றிருபது ஆண்டுகளில் சுமார் 800 டன் தங்கத்தைக் கொடுத்த பூமி. சக்கையாகக் கொட்டிய மண்ணில்கூட டன்னுக்கு எத்தனை மில்லிகிராம் மிச்சம் என்று அளந்து பார்க்கிறார்கள். அந்த மண்ணை மேலே கொண்டுவந்தவர்களின் நுரையீரலில் எவ்வளவு தங்கியது என்பதை அளக்க யாரும் வரவில்லை.

அரசு வரும்வரை காத்திருக்காமல் செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. மாரிக்குப்பத்திலிருந்து விடிகாலை ரயிலைப் பிடித்துப் பெங்களூருக்கு வேலைக்குப் போகும் இளைஞர்களும் பெண்களும் ஆயிரக்கணக்கில். அவர்கள் பலரின் வீட்டுத் திண்ணையில் ஒரு பழைய சுரங்கத் தொழிலாளி உட்கார்ந்திருக்கிறார். அல்லது ஒவ்வொரு ஷிப்டு முடியும்போதும் கணவர் வந்து சேரும்வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி. ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்காரலாம். சொந்த ஊர் எது, எந்த வருடம் சேர்ந்தீர்கள், எந்தச் சாஃப்ட், என்ன வேலை, யாரோடு, இருமல் எப்போது தொடங்கியது. ஆறு கேள்விகள். பதிலை அவர் சொல்கிறபடியே எழுதிக்கொண்டு தேதி போட்டு, முடிந்தால் அவரிடம் கையெழுத்தும் வாங்கி வைக்கலாம்.

என்றாவது ஓர் அரசாங்கம் நிவாரணத்துக்கு ஆதாரம் கேட்டால் அந்த நோட்டுப் பயன்படும். கேட்காமலே போனாலும், அவர் காலமான அன்று சுவரொட்டி அடிக்கிறவரிடம் பெயருக்குக் கீழே இன்னொரு வரி சேர்க்கச் சொல்லலாம். இன்ன சுரங்கத்தில், இன்ன வேலையில், இத்தனை ஆண்டுகள்.