கருங்காலிப் பேனா ஏன் வெடிக்கிறது?

கருங்காலியில் கடைந்த பேனா சில வாரங்களில் வெடித்தால், கடைந்த மாணவரின் கையைக் குறை சொல்கிறோம். காரணம் பெரும்பாலும் ஈரம்தான். செந்தூலின் ஈரக்காற்றில் கிடந்த கட்டை, குளிரூட்டி அறைக்குள் போனதும் நீரை இழந்து சுருங்கும். வளையங்களை ஒட்டிய திசையில் சுருக்கம் ஏறக்குறைய இரு மடங்கு. உள்ளே ஒட்டிய பித்தளைக் குழாயோ ஈரம் குறைந்தால் சுருங்காது. மெல்லிய மரம் என்ன செய்யும்? பிளந்துகொள்ளும்.

ஆகவே மாணவர்களே, கட்டையை அந்த அறையிலேயே வைத்து வாரந்தோறும் எடை போடுங்கள். எடை குறைவது நின்ற பிறகே துளையிடுங்கள். சூடேறாமல், நிறுத்தி நிறுத்தி.

என்னைக் கேட்டால், முதல் பேனாவுக்குக் கருங்காலியே வேண்டாம். மடகாஸ்கர் கருங்காலி 2013 முதல் அனைத்துலக வணிகக் கட்டுப்பாட்டில் உள்ளது. நம் தாத்தா பாட்டி பால் வெட்டிய ரப்பர் மரமோ இங்கேயே கிடைக்கிறது. நன்றாக உலர்த்தினால் அவ்வளவாகச் சுருங்குவதுமில்லை.