பாட்டு ஆசிரியராக விரும்பும் பிள்ளைக்கு எந்தக் கல்லூரி? தாம்பரம் வட்டாரத்திலிருந்து ஒரு கோரிக்கை மனு

அனுப்புநர்:
செயற்குழு, தாம்பரம், சேலையூர், சிட்லபாக்கம், குரோம்பேட்டை, பெருங்களத்தூர் பகுதிகளின் இசை ஆசிரியர்களும் இசை மாணவர்களின் பெற்றோரும் சேர்ந்து நடத்தும் சங்கம்.

பெறுநர்:
இயக்குநர், கலை பண்பாட்டுத் துறை, சென்னை
இயக்குநர், பள்ளிக் கல்வித் துறை, சென்னை
பதிவாளர், தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகம், சென்னை
மாவட்ட ஆட்சித் தலைவர், செங்கல்பட்டு
ஆணையர், தாம்பரம் மாநகராட்சி

பொருள்: வாய்ப்பாட்டு இசைக் கல்வி – பள்ளி இசை ஆசிரியர் பணிக்கான கல்வித் தகுதியைத் தெளிவுபடுத்துதல் – தாம்பரத்தில் மாவட்ட அரசு இசைப்பள்ளி தொடங்குதல் – கோருதல் தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

பிளஸ் டூ தேர்வு முடிவு வெளியாகும் வாரத்தில் ஆண்டு தவறாமல் எங்கள் வீட்டு வாசலுக்கு ஒரு கேள்வி வரும். "பொண்ணு நல்லா பாடுறா. ஸ்கூல்ல பாட்டு டீச்சர் ஆகணுங்கிறா. எந்தக் காலேஜ்ல சேர்க்கிறது?" பொறியியலுக்கும் வணிகவியலுக்கும் வழி சொல்ல எங்கள் பகுதியில் தெருவுக்கு ஒருவர் உண்டு. பல ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குச் சரளி வரிசை முதல் கீர்த்தனை வரை சொல்லிக்கொடுத்துவரும் எங்களால் இந்த ஒரு கேள்விக்கு உறுதியான பதில் சொல்ல முடியவில்லை. தெரிந்தவர்கள் யார் என்று தேடித் துறை துறையாக விசாரித்தும் ஒரே பதில் கிடைக்காததால்தான் இந்த மனுவை உங்கள் ஐவருக்கும் சேர்த்தே எழுதுகிறோம்.

சென்னையில் இசை படிக்க இடமில்லை என்பது எங்கள் குறையன்று. அடையாற்றங்கரையில், பிராடி கோட்டை என்னும் பழைய மாளிகையில் இயங்கும் தமிழ்நாடு அரசு இசைக் கல்லூரி, 1949இல் மத்திய கர்நாடக இசைக் கல்லூரியாகத் தொடங்கியது. முசிறி சுப்பிரமணிய ஐயர் அதன் முதல் முதல்வர். 1914இல் தொடங்கப்பட்ட ராணி மேரி கல்லூரியில் பேராசிரியர் பி. சாம்பமூர்த்தி இசை கற்பித்தார். இசையை வகுப்பறைப் பாடமாக்க வேண்டும் என்பதற்காகவே வரிசையாகப் பாடநூல்களை எழுதியவர் அவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்திய இசைத் துறை இருக்கிறது. திருவான்மியூரில் கலாக்ஷேத்ராவும் ராஜா அண்ணாமலை மன்றத்தில் தமிழிசைக் கல்லூரியும் இருக்கின்றன. வேறு பல நகரங்களுக்கு வாய்க்காத செல்வம் இது.

சிக்கல் எல்லாம் இவை தரும் சான்றிதழ்களில் இருக்கிறது. ஓரிடத்தில் பி.ஏ. பட்டம், ஓரிடத்தில் இசைக்கலைமணி, மற்றோரிடத்தில் இசைமணி, இன்னோரிடத்தில் பட்டயம். முன்பு சங்கீத வித்வான் பட்டமும் இருந்தது. சீர்காழி கோவிந்தராஜன் தமிழிசைக் கல்லூரியில் இசைமணி ஆனவர், பிறகு மத்திய கர்நாடக இசைக் கல்லூரியில் சங்கீத வித்வான் பட்டமும் பெற்றார். மேடையில் அவர் குரல் எழும்பியபோது எந்தப் பட்டம் எதற்கு இணை என்று யாரும் கேட்கவில்லை. பள்ளி வேலை அப்படியன்று. சான்றிதழ் சரிபார்க்கும் மேசைக்கு முன்னால் குரல் பேசாது, தாள்தான் பேசும். எந்தத் தாள் அங்கே செல்லும் என்பது பதினேழு வயதில், கல்லூரியில் சேரும் நாளிலேயே, பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எங்கள் உறுப்பினர் ஒருவரின் மகள் வெளியூர்க் கல்லூரி ஒன்றில் மூன்றாண்டு வாய்ப்பாட்டுப் பட்டம் முடித்தாள். வேலைக்கு விண்ணப்பித்தபோதுதான் ஆசிரியப் பயிற்சிச் சான்றிதழ் தனியாக வேண்டும் என்று தெரிந்தது. சேர்க்கையின்போது இதை யாரும் அவளிடம் சொல்லவில்லை, கேட்க வேண்டும் என்று அவளுக்கும் தோன்றவில்லை. அந்தப் பயிற்சியைப் பிறகு முடிப்பதற்குள் திருமணம், குழந்தை, மாமியார் வீடு என்று வாழ்க்கை வேறு பக்கம் திரும்பிவிட்டது. இன்று வீட்டில் நான்கு பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லித் தருகிறாள். அந்தக் கல்லூரியைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. மூன்று துறைகளுக்கு நடுவே விழுந்த பிள்ளை அவள். இசைக் கல்லூரிகள் கலை பண்பாட்டுத் துறையிடமும், கலைக் கல்லூரிகளின் இசைத் துறைகள் உயர்கல்வித் துறையிடமும், ஆசிரியர் பணியிடங்கள் பள்ளிக் கல்வித் துறையிடமும் இருப்பதால், ஒரு துறை தரும் தகுதியை அடுத்த துறை எப்படி மதிக்கும் என்பதைச் சொல்லும் பொறுப்பு யாரிடமும் இல்லாமல் போகிறது.

ஆகவே முதன்மையாக நாங்கள் வேண்டுவது இதுதான். மேற்கண்ட ஒவ்வொரு பட்டமும், பட்டயமும், கலைமணிச் சான்றிதழும் பள்ளி இசை ஆசிரியர் பணிக்குத் தகுதியா, இல்லையெனில் கூடுதலாக எது தேவை, அரசு இசைக் கல்லூரியின் ஓராண்டு இசை ஆசிரியர் பயிற்சியில் யாரெல்லாம் சேரலாம், பி.ஏ. இசை முடித்தவர் பி.எட். படிக்க வழி உண்டா என்பவற்றை மூன்று துறைகளும் சேர்ந்து ஒரே அரசாணையாக வெளியிட வேண்டும். அந்த ஆணையின் சுருக்கத்தை ஒவ்வொரு கல்லூரியும் தன் சேர்க்கை விண்ணப்பத்தின் முதல் பக்கத்தில் அச்சிட வேண்டும். செங்கல்பட்டு மாவட்டத்தில் நடக்கும் அரசின் 'கல்லூரிக் கனவு' உயர்கல்வி வழிகாட்டி நிகழ்ச்சிகளில் இசைக் கல்விக்கென ஒரு மேசை போட்டு, விவரம் தெரிந்த ஒருவரை அங்கே உட்கார வைக்க வேண்டும். இவற்றுக்கு ஆகும் செலவு மிகக் குறைவு.

ஆனால் படித்து முடித்தால் வேலை இருக்கிறதா என்று பெற்றோர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009, ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பள்ளிகளில் மாணவர் எண்ணிக்கை 100ஐத் தாண்டினால் கலைக் கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்கிறது. அதன் அடிப்படையில் 2012இல் தமிழ்நாட்டில் 16,549 பகுதிநேர ஆசிரியர்கள், உடற்கல்விக்கும் கலைக்கும் தொழிற்கல்விக்குமாக, மாதம் 5,000 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் சேர்க்கப்பட்டார்கள். ஊதியம் பின்னர் சிறுகச் சிறுக உயர்த்தப்பட்டது. கலைக் கல்வி என்ற ஒற்றைச் சொல்லுக்குள் ஓவியமும் இசையும் சேர்ந்தே அடங்குவதால், ஓவிய ஆசிரியர் ஒருவர் இருந்தாலே கணக்கு நேராகிவிடுகிறது, பாட்டுக்கு ஆள் வேண்டும் என்ற எண்ணமே எழுவதில்லை. 2017இல் ஆசிரியர் தேர்வு வாரியம் 1,325 சிறப்பாசிரியர் இடங்களை அறிவித்தபோது இசைக்குக் கிடைத்தவை 86. மாநிலம் முழுவதற்கும் 86.

2021 டிசம்பரில் தமிழ்த்தாய் வாழ்த்து மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்டது. அதை முல்லைப்பாணியில், அதாவது மோகன ராகத்தில், மூன்றன் நடையில், 55 விநாடிகளில் பாட வேண்டும் என்றும், ஒலிப்பதிவை ஓடவிடாமல் பயிற்சி பெற்றவர்கள் வாயால் பாட வேண்டும் என்றும் அரசே வகுத்துச் சொன்னது. அந்த ஆணையைப் படித்த நாளில் நாங்கள் மகிழ்ந்தோம். நம் பிள்ளைகள் மோகனத்தின் ஐந்து சுரங்களையும் நாள்தோறும் காலையில் பாடப்போகிறார்கள் என்று நினைத்தோம். அந்தப் பயிற்சியைத் தர ஒருவர் வேண்டாமா? ஆணை தன் பொருளை அடைய வேண்டுமானால், தாம்பரம் மாநகராட்சி எல்லைக்குள் உள்ள ஒவ்வோர் அரசு மேல்நிலைப் பள்ளியிலும் ஓவிய ஆசிரியர் இடத்தைத் தொடாமல், இசை ஆசிரியர் பணியிடம் ஒன்று தனியே ஏற்படுத்தப்பட வேண்டும்.

பயிற்சி எப்படி இருக்க வேண்டும் என்பதைப் பல்கலைக்கழகத்தின் பார்வைக்கு வைக்க விரும்புகிறோம். கச்சேரிக்குப் பாடுவது ஒரு வித்தை, நாற்பது பிள்ளைகளைச் சேர்ந்து பாட வைப்பது இன்னொரு வித்தை. ஐந்து கட்டையில் பாடும் பெண் பிள்ளையையும் ஒரு கட்டை சுருதிக்கு இறங்கிய ஆண் பிள்ளையையும் ஒரே வகுப்பில் உட்கார வைத்து, யார் தொண்டையும் நோகாமல் பாட வைப்பது எப்படி? எட்டாம் வகுப்புப் பையனின் குரல் உடையும் காலத்தில் அவனைப் பாடச் சொல்லலாமா, தாளம் மட்டும் போடச் சொல்லலாமா? குரல் உடையும் அந்தக் காலத்தில் 'உனக்குப் பாட்டு வராது' என்று எங்கோ ஓர் ஆசிரியர் சொன்ன சொல்லால் பாட்டையே விட்டுவிட்ட ஆண்களை எங்கள் தெருக்களில் நிறையப் பேரைப் பார்க்கிறோம். பெற்றோர் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது குருவின் பேரையும் கச்சேரி வாய்ப்பையும் மட்டும் பார்க்கிறார்கள். ஆசிரியராக வேண்டிய பிள்ளைக்கு அதைவிட முக்கியமானவை வேறு: வாரத்துக்கு எத்தனை மணி நேரம் தனிப்பயிற்சி, ஆண்களுக்கும் பெண்களுக்கும் சுருதி பிரித்துத் தனி வகுப்பு உண்டா, உண்மையான பள்ளி வகுப்பில் நின்று பாடம் நடத்தும் பயிற்சி உண்டா. இந்த மூன்றையும் ஒவ்வொரு கல்லூரியும் வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளில் நிகழ்த்துகலைக் கல்விப் பட்டயம் என ஒரு படிப்புக்கே இடம் இருக்கிறது. அதைத் தமிழ்நாட்டில் வாய்ப்பாட்டுக்காகத் தொடங்கும் வாய்ப்பைப் பல்கலைக்கழகம் ஆராய வேண்டும்.

இனி, எங்கள் ஊர். 2019 நவம்பரில் காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு மாவட்டம் பிரிந்தபோது மாவட்ட அரசு இசைப்பள்ளி காஞ்சியோடு நின்றுவிட்டது. வாய்ப்பாட்டு, தேவாரம், வயலின், மிருதங்கம், நாகசுரம், தவில், பரதம் என்று எளியவர் வீட்டுப் பிள்ளையும் கற்கக்கூடிய இடம் அது. பெருங்களத்தூர்ப் பிள்ளை வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் பேருந்து ஏறிக் காஞ்சிபுரம் போய்த் திரும்பினால் ஒரு நாள் போய்விடும். அரசு இசைக் கல்லூரிக்குப் போவதென்றால் மின்சார ரயிலில் சைதாப்பேட்டையோ மாம்பலமோ போய், அங்கிருந்து பேருந்து மாற வேண்டும். காலைச் சாதகத்துக்குப் பிறகு நெரிசலில் நின்றபடி பயணம் செய்துவிட்டு வகுப்பில் குரல் எடுப்பது எவ்வளவு கடினம் என்பது பாடுகிறவர்களுக்குத் தெரியும்.

1957இல் தொடங்கிய மாமல்லபுரம் சிற்பக் கலைக் கல்லூரியை இதே கலை பண்பாட்டுத் துறை நடத்தி வருகிறது. கல்லுக்கு ஒரு கல்லூரி எங்கள் மாவட்டத்தில் இருப்பதில் எங்களுக்குப் பெருமை. குரலுக்கும் ஓரிடம் வேண்டும். 5 நகராட்சிகளும் 5 பேரூராட்சிகளும் சேர்ந்து 2021இல் உருவான தாம்பரம் மாநகராட்சி, 70 வார்டுகள் கொண்டது. மாலை நேரத்தில் பூட்டிக் கிடக்கும் மாநகராட்சிக் கட்டடம் ஒன்றை வாடகையின்றி ஒதுக்கும்படி ஆணையரையும், அதில் செங்கல்பட்டு மாவட்டத்துக்கான அரசு இசைப்பள்ளியை வரும் கல்வியாண்டிலேயே தொடங்கும்படி கலை பண்பாட்டு இயக்குநரையும் வேண்டுகிறோம். வாய்ப்பாட்டு, தேவாரம், மிருதங்கம் ஆகிய மூன்று வகுப்புகளோடு தொடங்கினாலும் போதும். ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகும் தொலைவில் இடம் அமைந்தால், மாலை ஆறு மணிக்கு மேல் பெண் பிள்ளைகளை அனுப்பப் பெற்றோர் தயங்க மாட்டார்கள்.

இம்மனு குறித்து நேரில் விளக்க எங்கள் செயற்குழுவுக்கு ஒரு நாள் ஒதுக்கித் தருமாறு மாவட்ட ஆட்சித் தலைவரைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். சேர்க்கைக்காகக் காத்திருக்கும் பிள்ளைகளையும் அழைத்து வருகிறோம். கேள்விகளை அவர்களே உங்களிடம் கேட்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
செயற்குழு உறுப்பினர்கள்

இடம்: தாம்பரம்