சர்வதேசப் புலமைப்பரிசில்கள்: ஆளுக்கா, ஊருக்கா?

2025 ஜனவரி 20ஆம் திகதி, பதவியேற்ற அன்றே, அமெரிக்காவின் வெளிநாட்டு உதவிகளை 90 நாட்களுக்கு இடைநிறுத்தும் உத்தரவில் டொனால்ட் ட்ரம்ப் கையெழுத்திட்டார். பெப்ரவரியில் அமெரிக்க இராஜாங்கத் திணைக்களத்தின் பரிமாற்ற நிகழ்ச்சித்திட்டங்களுக்கான கொடுப்பனவுகளும் நிறுத்தப்பட்டன. அதே ஆண்டு ஜூலை 1ஆம் திகதியுடன் யுஎஸ்எயிட் தனியான நிறுவனமாக இயங்குவது முடிவுக்கு வந்தது.

வடக்கு கிழக்கில் இதுபற்றி நடந்த பேச்சு பெரும்பாலும் வேலை இழந்தவர்களைப் பற்றியதாகவும், இடைநடுவில் நின்றுபோன திட்டங்களைப் பற்றியதாகவும் இருந்தது. அது நியாயமானது. ஆனால், ஒரு கேள்வி அதிகம் கேட்கப்படவில்லை. சிறுபான்மைச் சமூகங்களோடு வேலை செய்பவர்களை வெளிநாட்டுக்கு அழைத்து, சில வாரங்களோ சில மாதங்களோ தங்கவைத்து, பயிற்சியளித்துத் திருப்பி அனுப்பும் ‘ஃபெலோஷிப்’ எனப்படும் பரிமாற்றப் புலமைப்பரிசில்கள் எமக்கு எதைத் தந்தன? அவை சுருங்கும்போது நாம் எதை இழக்கிறோம்? மீண்டும் வரும்போது எந்த வடிவில் வரவேண்டும் என்று நாம் கேட்கவேண்டும்?

இந்தத் திட்டங்கள் வேண்டாம் என்பது என் வாதமல்ல. அவை ஆளைத் தெரிவுசெய்கின்றன. எங்களுடைய போராட்டங்களை நடத்துவதோ ஊர்கள். இந்தப் பொருத்தமின்மையைச் சரிசெய்யாமல் எத்தனை பேர் விமானம் ஏறினாலும் ஊருக்கு வந்துசேருவது கொஞ்சம்தான் என்பதே என் வாதம்.

என்ன திட்டங்கள் இவை?

ஐக்கிய நாடுகள் மனித உரிமைகள் உயர்ஸ்தானிகர் அலுவலகம் 2005ஆம் ஆண்டிலிருந்து சிறுபான்மையினருக்கான புலமைப்பரிசில் ஒன்றை நடத்திவருகிறது. தேசிய, இன, மத, மொழிச் சிறுபான்மையினரைச் சேர்ந்த செயற்பாட்டாளர்கள் சில வாரங்கள் ஜெனிவாவில் தங்கி, ஐ.நா. பொறிமுறைகள் இயங்கும் விதத்தைக் கற்கிறார்கள். விசேட அறிக்கையாளருக்கு முறைப்பாடு அனுப்புவது எப்படி, ஒப்பந்தக் குழுக்களுக்கு நிழல் அறிக்கை எழுதுவது எப்படி என்பவை அதில் அடங்கும். எங்களைப் போன்ற ஒரு சமூகத்துக்கு இது சிறிய அறிவல்ல. 2016 ஒக்டோபரில் சிறுபான்மையினர் விவகாரங்களுக்கான விசேட அறிக்கையாளர் ரீட்டா இசாக் இலங்கைக்கு வந்தபோது, அவரிடம் எதை, எந்த ஒழுங்கில், எந்த ஆதாரத்தோடு சொல்லவேண்டும் என்று தெரிந்தவர்கள் கையில் அந்தச் சந்திப்புக்குப் பெறுமதி கூடுதலாக இருந்திருக்கும்.

அமெரிக்க இராஜாங்கத் திணைக்களத்தின் நிதியில் நடந்தவை வேறு வகை. ‘புரொபெஷனல் ஃபெலோஸ்’ திட்டத்தில் ஐந்து, ஆறு வாரங்கள் அமெரிக்காவிலுள்ள ஒரு அமைப்பிலோ உள்ளூராட்சி அலுவலகத்திலோ இருந்து வேலை பழகலாம். பிறகு, அங்கு வரவேற்றவர்களில் சிலர் புலமைப்பரிசில் பெற்றவரின் நாட்டுக்கு வருவார்கள். ஐரெக்ஸ் நிறுவனம் நடத்திய ‘கொம்யூனிட்டி சொல்யூஷன்ஸ்’ திட்டம் நான்கு மாதங்கள் நீண்டது. இவற்றால் பயனடைந்தவர்களை எங்கள் மத்தியிலும் காணலாம். நிதி முன்மொழிவு எழுதவும், வெளிநாட்டுத் தூதரகம் ஒன்றில் பயமில்லாமல் பேசவும் பழகி வந்திருக்கிறார்கள்.

படிவம் யாரைத் தேடுகிறது?

ஊடகக் கற்கையை முடித்து சுயாதீனமாக எழுதத் தொடங்கிய காலத்திலிருந்து, செய்திக்காகச் சந்தித்த பெண்கள் சங்கங்களின் உறுப்பினர்கள் சிலருக்கு இவ்வாறான விண்ணப்பங்களை ஆங்கிலத்தில் எழுத உதவிவருகிறேன். படிவங்களில் தவறாமல் வரும் கேள்வி ஒன்று உண்டு: நீங்கள் தலைமை தாங்கி ஏற்படுத்திய மாற்றம் ஒன்றை விவரியுங்கள். முல்லைத்தீவில் காணி மீட்புப் போராட்டத்தில் வீதியோரக் கொட்டிலில் இரவு பகலாக இருந்த ஒரு அக்காவிடம் இதைக் கேட்டேன். “நான் என்ன செய்தனான்? எல்லாரும்தானே இருந்தனாங்கள்” என்றார். பிறகு, யார் சமைப்பது, இரவில் யார் தங்குவது, பிள்ளைகளை யார் பள்ளிக்கூடம் கூட்டிப்போவது, அதிகாரிகள் வந்தால் யார் முதலில் பேசுவது என்று முறை வைத்து நடத்திய கதையை ஒரு மணித்தியாலத்துக்கு மேல் சொன்னார். சமூக அணிதிரட்டல் என்று பயிற்சிக் கையேடுகள் சொல்வது இதைத்தான். ஆனால், படிவத்துக்கு ‘நாங்கள்’ போதாது, ‘நான்’ வேண்டும்.

மொழி அடுத்த வாசல். ஐ.நா. திட்டமானாலும் அமெரிக்கத் திட்டமானாலும் விண்ணப்பம், நேர்முகத்தேர்வு, பயிற்சி எதுவும் தமிழில் இல்லை. வயது மூன்றாவது வாசல். கொம்யூனிட்டி சொல்யூஷன்ஸ் 25 முதல் 38 வயது வரையானவர்களுக்கே திறந்திருந்தது. 2009இல் 45 வயதில் பிள்ளையை ஒப்படைத்துவிட்டு வந்த தாய்க்கு இன்று 60 தாண்டிவிட்டது. 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் தொடங்கிய காணாமலாக்கப்பட்டோரின் உறவுகளின் தொடர் போராட்டத்தைத் தாங்கியவர்கள் இந்தத் தலைமுறைப் பெண்கள்தான். அவர்களில் பலர் பதில் கிடைக்காமலே இறந்தும் போனார்கள்.

நான்காவது வாசல் விசா. விண்ணப்பதாரர் நாடு திரும்புவார் என்று விசா அதிகாரி நம்பவேண்டும். நிரந்தர வேலை, காணி உறுதி, வங்கிக் கணக்கு என்பவை அந்த நம்பிக்கையைத் தருபவை. காணி இராணுவத்திடமும் உறுதி வன்னியில் கைவிட்டு வந்த பெட்டியிலும் போனவர்களுக்கு இவை எதுவும் இல்லை.

இவ்வளவையும் தாண்டிப் போகக்கூடியவர் யார்? நகரத்தில், ஆங்கிலம் தெரிந்த, ஓர் அரசசார்பற்ற நிறுவனத்தில் சம்பளத்துக்கு வேலை செய்யும் இளைஞர் அல்லது யுவதி. அவரில் எந்தக் குறையும் இல்லை. அவருடைய வேலையும் தேவையானதே. ஆனால், திட்டம் முடிந்ததும் அவர் வேறு நிறுவனத்துக்கோ கொழும்புக்கோ போய்விட்டால், கற்றதும் அவரோடு போய்விடுகிறது. அவரை நாம் குறைசொல்ல முடியாது. அந்த அறிவு யாருக்குச் சொந்தம் என்று திட்டம் சொல்லவில்லை.

பயன்பட்ட இரண்டு அனுபவங்கள்

வெளியூர் போய்க் கற்றுவந்து ஊரை மாற்றியதற்கு உலகில் நல்ல உதாரணங்கள் இருக்கின்றன. முதலாவது அமெரிக்காவிலேயே நடந்தது. தென் கரோலினாவின் ஜோன்ஸ் தீவில், சார்ள்ஸ்டன் நகருக்கு வேலைக்குப் போகும் கறுப்பின மக்களைத் தன் பேருந்தில் ஏற்றிச்சென்றவர் ஈசோ ஜென்கின்ஸ். 1954இல் அவர் டெனசி மாநிலத்தில் இருந்த ஹைலண்டர் மக்கள் பாடசாலையின் செயலமர்வுக்குப் போனார். அங்கு அவர் தன் ஊரின் பிரச்சினையைச் சொன்னார்: வாக்காளராகப் பதிய அரசியலமைப்பின் ஒரு பகுதியை வாசித்துக்காட்ட வேண்டும், எங்கள் ஆட்களுக்கு வாசிக்கத் தெரியாது.

1957 ஜனவரியில் ஜோன்ஸ் தீவில், ஒரு கூட்டுறவுக் கடையின் பின்னறையில் முதியோர் வகுப்பு தொடங்கியது. வெள்ளையரின் கண்ணில் படாமலிருக்கத்தான் முன்னால் கடை. கற்பித்த பெர்னிஸ் ரொபின்சன் தொழிலால் சிகையலங்காரக் கலைஞர், பயிற்றப்பட்ட ஆசிரியர் அல்ல. பெயர் எழுத, படிவம் நிரப்ப, கடிதம் வாசிக்க என்று மக்கள் கேட்டதையே கற்பித்தார். செப்டிமா கிளார்க்கின் முயற்சியில் இந்தக் ‘குடியுரிமைப் பாடசாலைகள்’ தென் மாநிலங்கள் எங்கும் பரவின. 1955 கோடையில் இதே ஹைலண்டருக்கு வந்துபோனவர்தான் ரோசா பார்க்ஸ். அந்த டிசம்பரில் மொன்ட்கொமரியில் அவர் பேருந்து இருக்கையை விட்டுக்கொடுக்க மறுத்ததும், 381 நாட்கள் நீடித்த பகிஷ்கரிப்பு எழுந்தது. அதற்கு அவருடைய துணிச்சல் மட்டும் காரணமல்ல. அங்கே ஏற்கனவே ஒரு பெண்கள் சங்கமும் உரிமை அமைப்பின் கிளையும் தயாராக இருந்தன. அந்தக் கிளையின் செயலாளரே அவர்தான்.

இரண்டாவது அனுபவம் ஆர்ஜென்டீனாவினுடையது. 1977 ஏப்ரல் 30ஆம் திகதி பிளாசா டி மாயோ சதுக்கத்தில் கூடத் தொடங்கிய தாய்மார்களை எங்கள் தாய்மார் அறிவார்கள். இராணுவ ஆட்சி முடிந்த பின், 1984இல் அமெரிக்கத் தடயவியல் மானிடவியலாளர் கிளைட் ஸ்னோ அங்கு அழைக்கப்பட்டார். அவர் மாணவர்களை அமெரிக்காவுக்குக் கூட்டிப்போகவில்லை. புதைகுழிகளின் விளிம்பிலேயே, உள்ளூர் மாணவர்களுக்கு அகழ்வுமுறையைப் பழக்கினார். அந்த இளைஞர்கள் உருவாக்கிய ஆர்ஜென்டீனத் தடயவியல் மானிடவியல் குழு பின்னர் குவாத்தமாலா உட்படப் பல நாடுகளுக்குப் போய் அங்குள்ளவர்களைப் பழக்கியது.

கொக்குத்தொடுவாயில் 2023இல் எலும்புகள் வெளிவந்தபோதும், 2025இல் செம்மணி சித்துப்பாத்தியில் 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் அடையாளம் காணப்பட்டபோதும், உறவுகள் வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். எது எப்படிப் பதிவாகிறது, மரபணு ஒப்பீட்டுக்கு எங்களிடமிருந்து எது தேவை, எந்தக் கட்டத்தில் நாம் கேள்வி கேட்கலாம் என்று சங்கத்துக்குள் ஐந்து பேருக்குத் தெரிந்திருந்தால், பார்வையாளர்களாக நின்றவர்கள் கண்காணிப்பாளர்களாக நின்றிருக்கலாம். எங்களுக்குத் தேவையான தொழில்சார் பரிமாற்றம் இப்படிப்பட்டது.

திரும்பி வந்த பிறகு

வெளிநாடு போய் வருவது இங்கு சும்மா விடயமல்ல. 2014 மார்ச்சில் ஜெனிவாவில் மனித உரிமைகள் பேரவை கூடியிருந்த நாட்களிலேயே, கிளிநொச்சி தருமபுரத்தில் காணாமலாக்கப்பட்ட மகனைத் தேடிக்கொண்டிருந்த தாய் ஒருவர் கைதானார். ஏறத்தாழ ஒரு வருடம் தடுப்பில் இருந்தார். அதை விசாரிக்கப் போன ருக்கி பெர்னாண்டோவும் அருட்தந்தை பிரவீனும் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதுசெய்யப்பட்டு இரண்டு நாட்களில் விடுவிக்கப்பட்டார்கள். ஐ.நா.வுடன் ஒத்துழைப்பவர்கள் மீதான பழிவாங்கல்கள் பற்றி ஐ.நா. செயலாளர் நாயகம் ஆண்டுதோறும் தனி அறிக்கையே வெளியிடவேண்டியுள்ளது.

இன்றைய சூழல் அன்றையதைப் போல இல்லை என்பது உண்மை. ஆனால், 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம் இருக்கிறது. ‘எங்கே போனீர்கள், யார் காசு தந்தது’ என்று வீட்டுக்கு வரும் கேள்வியும் நிற்கவில்லை. தெற்கில் ‘டொலர் காகங்கள்’ என்ற வசை, எங்கள் ஊர்களில் ‘என்ஜிஓக்காரர்’ என்ற சந்தேகம். இரண்டுக்கும் நடுவில் தனியாக நிற்பவர் போய்வந்தவர்தான். சங்கம் அனுப்பியவர் என்றால் சங்கம் கூட நிற்கும். தானாக விண்ணப்பித்துப் போனவருக்கு யார் நிற்பார்கள்? ஊரின் தெரிவு என்பது நியாயம் மட்டுமல்ல, பாதுகாப்பும்தான்.

எதைக் கேட்கவேண்டும்?

நிதி குறைந்திருக்கும் இந்த நேரம் கேட்பதற்கு நல்ல நேரம். எஞ்சியிருக்கும் திட்டங்களும், தம் பங்கை மீள யோசிக்கும் ஐரோப்பியத் தூதரகங்களும், கனடாவிலும் பிரித்தானியாவிலும் உள்ள புலம்பெயர் அமைப்புகளும் இதைக் கேட்கவேண்டியவர்கள்.

முதலாவது, தெரிவு சங்கத்திடம் இருக்கட்டும். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமோ, மீனவர் சங்கமோ, உறவுகளின் சங்கமோ கூட்டம் கூடித் தம் ஆளைச் சொல்லட்டும். இரண்டாவது, ஒருவர் அல்ல, இருவர் போகட்டும்: ஓர் அனுபவசாலி, ஓர் இளையவர். மொழிபெயர்ப்பாளருக்கான செலவு விமானச்சீட்டைப் போலவே திட்டத்தின் செலவாக இருக்கட்டும். மூன்றாவது, திரும்பி வந்த பின் ஒரு வருடத்துக்கான சிறு நிதி சங்கத்தின் கணக்குக்கு வரட்டும். நான்காவது, பதில் வருகையாக வருபவர்கள் கொழும்பு விடுதியில் அல்ல, ஊரில் சில நாட்கள் தங்கட்டும்.

ஐந்தாவது எங்களுக்கே உரியது. பரிமாற்றம் என்றால் கடல் கடக்கவேண்டும் என்றில்லை. 2018 ஏப்ரலில் படகுகளில் போய்த் தம் தீவில் இறங்கிய இரணைதீவு மக்களிடம் கற்க முல்லைத்தீவுக்கு விசா தேவையில்லை. 200 வருடங்களாகக் காணிக்கும் வீட்டுக்கும் ஏங்கும் மலையக மக்களின் தொழிற்சங்க அனுபவமும், 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு மீளக்குடியேறப் போராடும் முஸ்லிம் மக்களின் அனுபவமும் ஒரு நாள் பஸ் பயணத் தூரத்தில் இருக்கின்றன. இந்த மூன்று சமூகங்களும் ஒன்றையொன்று அறிந்ததைவிட ஜெனிவாவை அதிகம் அறிந்திருப்பது எங்கள் சிவில் சமூகத்தின் பெரிய இடைவெளி. அதை நிரப்ப வெளிநாட்டுத் தூதுவரின் அனுமதி தேவையில்லை.

அடுத்த முறை ஒரு புலமைப்பரிசில் அறிவித்தல் வட்ஸ்அப்பில் வரும்போது, அதை ஒரு திறமையான பிள்ளைக்குத் தனியாக அனுப்பிவிட்டு இருக்காமல், சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் வாசியுங்கள். யார் போவது என்பதைவிட, போய் எதைக் கேட்டு வருவது, வந்து யாருக்குச் சொல்வது என்பதை அங்கே முடிவுசெய்யுங்கள். படிவத்தின் ‘நான்’ என்ற கட்டத்தை நிரப்பும்போது அந்த முடிவையும் சேர்த்து எழுதுங்கள். அப்படி எழுதுபவர்கள் கூடும்போது, படிவத்தை மாற்றுங்கள் என்று கேட்கும் பலமும் எங்களுக்கு வரும்.