சேம அச்சு முதல் டிபரென்சல் வரை

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென மலர்க் குழுவினர் கேட்டபோது, தமிழாசிரியராகிய எம்மிடமிருந்து சங்க இலக்கியம் பற்றியோ சைவநெறி பற்றியோ ஏதேனும் வருமென அவர்கள் எதிர்பார்த்திருக்கக்கூடும். நாம் எழுதப் புகுந்ததோ, பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் பின்னச்சில் எண்ணெய் மாற்றுவது பற்றி. இது தமிழாசிரியனுக்குரிய பொருளன்று என்று கருதுவோர் இக்கட்டுரையை இறுதிவரை படித்தபின் தீர்ப்புக் கூறுவார்களாக.

அச்சு தமிழுக்குப் புதிய பொருளன்று. புறநானூற்றில் ஔவையார், உப்பு வணிகராகிய உமணர் தம் வண்டியின் அடியில் மற்றோர் அச்சைக் கட்டிச் சென்றதை உவமையாக எடுத்தாளுகிறார். வழியில் பள்ளம் வருமோ மேடு வருமோ என்று அஞ்சிய அவர்கள் முன்னெச்சரிக்கையாகக் கொண்டுசென்ற அந்த அச்சுக்குச் ‘சேம அச்சு’ என்று பெயர். வள்ளுவரும் வினைத்திட்பம் கூறுமிடத்து அச்சாணியை மறந்தாரல்லர். கண்டியிலே இப்பாடல்களைக் கற்பிக்கும் ஆசிரியனுக்கு மேடு பள்ளம் விளக்கும் வேலை இல்லை. ஆனால், அன்றைய வண்டியின் அச்சைப் பற்றி எழுதிப் பரீட்சையில் புள்ளி பெறும் எம் மாணவன், இன்றைய வண்டியின் அச்சினுள்ளே இருப்பது யாதென்று கேட்டால் விழிக்கிறான். கேட்கும் நாமும் சில ஆண்டுகளுக்கு முன்வரை விழித்தவர்களே. எம் கண்ணைத் திறந்தது ஒரு விபத்து.

எம்மிடம் சாதாரண தரம் வரை கற்ற மாணவன் ஒருவன் நகரின் புறத்தேயுள்ள கராஜ் ஒன்றில் தொழில் பழகிக்கொண்டிருந்தான். ஒருநாள் மாலை அவனைப் பார்க்கச் சென்றோம். அங்கே 1960களில் இங்கிலாந்தில் செய்யப்பட்ட இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று நின்றது. பத்து நாட்களுக்கு முன் அதன் பின்னச்சு எண்ணெயை அங்கே மாற்றியிருந்தார்கள். அதன்பின் கம்பளை, புசல்லாவை வழியாக நுவரெலியாவுக்கு ஏறியபோது ஒவ்வொரு வளைவிலும் பின்புறம் முனகி நடுங்கியதாக உரிமையாளர் முறையிட்டு, வண்டியை மீண்டும் கொண்டுவந்திருந்தார். ஓசை எங்கிருந்து வருகிறதென்று அறிய, பாஸ் பின்சில்லு ஒன்றை மட்டும் ஜாக்கினால் உயர்த்தி, இயந்திரத்தை இயக்கி, கியரில் இட்டார். அடுத்த நொடி வண்டி ஜாக்கிலிருந்து பாய்ந்து எதிரேயிருந்த மேசையை நொறுக்கிச் சுவரில் மோதி நின்றது. எம் மாணவன் சற்று முன்னர்தான், துடைக்கத் துணி எடுப்பதற்காக வண்டியின் அடியிலிருந்து வெளியே வந்திருந்தான். அந்தத் துணி கைக்கெட்டும் தூரத்தில் கிடந்திருந்தால் நாம் இந்தக் கட்டுரையை எழுதியிரோம், இரங்கலுரையே எழுதியிருப்போம்.

பாஸ் கவனமற்றவரல்லர், முப்பது ஆண்டு அனுபவம் உடையவர். அந்த அனுபவமே அவரை ஏமாற்றியது. அது எவ்வாறு என்பதை விளக்குதல் வேண்டும்.

வண்டி வளைவில் திரும்பும்போது உட்புறச் சில்லைவிட வெளிப்புறச் சில்லு கூடுதலான தூரம் ஓடவேண்டும். இரு சில்லுகளுக்கும் இடையே 1.3 மீற்றர் அகலமுள்ள வண்டி அரைவட்டமாகத் திரும்பினால், வெளிச்சில்லு ஏறத்தாழ 4 மீற்றர் அதிகம் ஓடும். இரண்டையும் ஒரே இரும்புத் தண்டிற் பிணைத்துவிட்டால் ஏதேனும் ஒன்று தேய்ந்து இழுபடும். இக்குறையைத் தீர்க்க, 1827ஆம் ஆண்டளவில் பிரான்சு நாட்டுப் பெக்கர் என்பார் நீராவி வண்டிக்கென அமைத்த பற்சில்லுக் கூட்டமே டிபரென்சல். அது இயந்திரத்தின் விசையை இரு சில்லுகளுக்கும் பகிர்ந்தளித்து, ஒவ்வொன்றும் தன் வேகத்தில் ஓட இடங்கொடுக்கும்.

ஆனால் அதற்கொரு பலவீனம் உண்டு. ஒரு சில்லு சேற்றில் வழுக்கினால் அது மட்டும் வீணே சுழலும். உறுதியான தரையில் நிற்கும் மற்றைய சில்லு வாளாவிருக்கும். மழைக்காலத்தில் தோட்டப் பாதையில் லொறி புதைந்ததைக் கண்டவர்கள் இதனை அறிவர். இதற்கு மாற்றாக 1930களில் ஜேர்மனியின் ஓட்டப்பந்தயக் கார்களுக்கெனப் பெயர்பெற்றது லிமிட்டெட் ஸ்லிப் டிபரென்சல். பிற்காலத்தில் 1961ஆம் ஆண்டின் ஜாகுவார் ஈ-டைப் போன்ற கார்களிலும் அது இடம்பெற்றது. பரவலாக வழங்கும் அதன் ஒருவகையில், பற்சில்லுக்கும் கூட்டுக்கும் இடையே மெல்லிய உருக்குத் தட்டுகள் அடுக்கப்பட்டிருக்கும். ஒரு சில்லு வழுக்கத் தொடங்கினால் தட்டுகள் ஒன்றையொன்று இறுகப் பற்றும். விசையில் ஒரு பங்கு மற்றைய சில்லுக்கும் செல்லும்.

பாஸ் அறிந்தது முதல்வகை. அதில் ஒரு சில்லை உயர்த்தி இயக்கினால் உயர்ந்த சில்லு மட்டும் சுழலும். வண்டி நின்ற இடத்தில் நிற்கும். இரண்டாம் வகையிலோ தரையிலுள்ள சில்லும் உந்தும், வண்டி பாய்ந்துவிடும். ஆகவே இவ்வகை வண்டியில் ஒரு சில்லை மட்டும் உயர்த்தி ஒருபோதும் கியரில் இடலாகாது. இரு சில்லுகளையும் உயர்த்தி, உறுதியான தாங்கிகளின் மேல் நிறுத்துதல் வேண்டும்.

வளைவிற் கேட்ட முனகலுக்கும் இத்தட்டுகளே காரணம். அவை வளைவில் மெல்ல நழுவவும் வேண்டும். சேற்றில் இறுகப் பற்றவும் வேண்டும். இவ்விரண்டையும் சமன்செய்வது எண்ணெய். சாதாரண கியர் ஒயிலை ஊற்றினால் தட்டுகள் ஒட்டிக்கொண்டும் விடுபட்டும் துடிக்கும். உராய்வைச் சீராக்கும் சேர்மானம் கலந்த எண்ணெயே இதற்கு உரியது, ‘எல்.எஸ்.’ என்ற எழுத்துகள் தகரத்தின் மேல் இருக்கும். சேர்மானத்தைத் தனியே வாங்கிக் கலப்பதும் உண்டு. அளவு மிஞ்சினால் தட்டுகள் பற்றும் தன்மையை இழக்கும். அப்பால் அந்த டிபரென்சல் இருந்தும் இல்லாததற்கு ஒப்பாகும்.

மாற்றும் முறையும் கடினமானதன்று. வண்டியைச் சிறிது தூரம் ஓட்டி எண்ணெயைச் சூடாக்குக. சமதரையில் நிறுத்துக. முதலில் ஊற்றும் வாயின் மூடியைக் கழற்றுக. அது கழலாதென்று கண்டால், பழைய எண்ணெயை வடிக்கத் தொடங்காதீர். வடித்துவிட்டு நிரப்ப வழியின்றித் தவித்தவர் பலர். வடித்த எண்ணெயில் சாம்பல் நிறக் களிம்பு சிறிதிருப்பது இயல்பு. இரும்புத் துணுக்குகள் இருப்பின் உள்ளே நோய் உண்டு. காற்றுப் போகும் சிறு துவாரத்தைத் துப்புரவாக்குக. புதிய எண்ணெயை ஊற்றும் வாயின் விளிம்பு மட்டம் வரை நிரப்புக. பின்னர் வெறும் மைதானமொன்றில் எட்டு என்னும் இலக்கத்தின் வடிவில் மெதுவாகப் பலமுறை ஓட்டுக. எண்ணெய் தட்டுகளிடையே புகும். நாம் கூறிய காருக்கும் பின்னர் இவ்வாறே செய்தார்கள், முனகல் அடங்கியது.

பழைய எண்ணெயைக் கானில் ஊற்றாதிருப்பதும் இம்முறையின் ஒரு பகுதியே. கண்டி வாவியின் நீர் மெத எல வழியாக நகரை ஊடறுத்துக் கெட்டம்பேயில் மகாவலியிற் கலக்கிறது. நகரத்துக் கானில் விட்ட எண்ணெய் கங்கைக்குப் போகும். அக்கங்கை நீரைச் சுத்திகரித்தே நாம் பருகுகிறோம்.

இனி எமது கருத்துக்கு வருவோம். அன்று மாலை அந்தக் காரின் சிறு பெட்டியைத் திறந்து பார்த்தோம். உள்ளே கைந்நூல் இருந்தது. ஒரு சில்லை மட்டும் உயர்த்தி இயக்கலாகாதென்ற எச்சரிக்கையும், எண்ணெயின் வகையும் அதில் தெளிவாக அச்சிடப்பட்டிருந்தன. எல்லாம் ஆங்கிலம். நாம் அவற்றை வாசித்துத் தமிழிற் சொன்னோம். பாஸ் நெடுநேரம் பேசாதிருந்து, “சேர், இதைத் தமிழில் எழுதித் தந்தால் சுவரில் ஒட்டி வைப்பேன்” என்றார். முப்பது ஆண்டில் தம்மிடம் யாரும் கொண்டுவந்து தராத ஒன்றையே அவர் கேட்டார். தமிழ் கற்பிப்பதே தொழிலாகக் கொண்ட நாமும் அதனைக் கொண்டுபோய்க் கொடுத்ததில்லை.

இந்நாட்டில் 1950களிலும் 1960களிலும் அறிஞர் கூடிக் கலைச்சொற்றொகுதிகள் ஆக்கினர். அவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆயினும் சொல் நூலகத்திலே தங்கியது. வேலை கராஜில் நடந்தது. மசகு எண்ணெய் என்ற தொடரையே பாருங்கள். தமிழ்நாட்டார் அதனை உராய்வு தவிர்க்கும் எண்ணெய்க்கு வழங்குகின்றனர். எமது பத்திரிகைகளோ நிலத்தடியிலிருந்து எடுத்த சுத்திகரியாத எண்ணெயை அப்பெயரால் அழைக்கின்றன. ‘மசகு எண்ணெய் ஊற்றுக’ என்று நாம் எழுதிக்கொடுத்தால் பயிலுநன் எதனை ஊற்றுவான்? நாமும் ஒருகாலத்தில் டிபரென்சலுக்குத் தூய தமிழ்ப் பெயர் தேடி அலைந்தவர்களே. இன்று எமது எண்ணம் வேறு. பொருளின் பெயர் கராஜில் வழங்கும் பெயராகவே இருக்கட்டும். அது ஏன் அவ்வாறு இயங்குகிறது, எதைச் செய்யலாகாது என்ற விளக்கம் தமிழில் இருக்கவேண்டும். தமிழை வளர்ப்பது பெயர்ப்பலகையை மாற்றுவதன்று. அறிவைக் கைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது.

பழைய ஸ்போர்ட்ஸ் கார் செல்வரின் விளையாட்டுப் பொருள். அதனால் எமக்கென்ன என்று சிலர் வினவலாம். காருக்கு உரியவர் செல்வராயிருக்கலாம். அதன் அடியிற் படுத்திருப்பவன் எம் மாணவன். அன்றியும் இவ்வகை டிபரென்சல் மலைநாட்டில் ஓடும் ஜீப்புகள் பலவற்றிலும் உண்டு. 2020ஆம் ஆண்டு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025ஆம் ஆண்டு தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறக்கும்வரை, நாட்டிலிருந்த பழைய வண்டிகளை ஓடச்செய்தவை இத்தகைய தொழிலாளரின் கைகளே. 2013ஆம் ஆண்டு உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு தொடங்கப்பட்டது நல்லதே. ஆயினும் சாதாரண தரத்தோடு கல்லூரி வாயிலைக் கடந்து நேரே கராஜுக்குப் போகும் பிள்ளைக்கு அதனாற் பயனில்லை.

ஆதலின் பழைய மாணவர்களிடம் ஒன்று வேண்டுகிறோம். உங்களுட் பொறியியலாளர் உளர்; கராஜ் நடத்துவோர் உளர். தவணைக்கு ஒரு சனிக்கிழமை வந்து, ஒரு வேலையை எம் மாணவருக்குச் செய்து காட்டுங்கள். அதனை அவர்கள் ஒரே பக்கத்தில், பிழையற்ற எளிய தமிழில் எழுதுவர். திருத்துவது எமது கடமை. அப்பக்கம் அட்டையாகி நகரத்துக் கராஜ்களின் சுவரில் ஏறட்டும். கட்டுரைப் பயிற்சிக்கு இதனினும் சிறந்த தலைப்பு உண்டோ? வசந்த காலத்தை வருணித்து எழுதிய கட்டுரையில் பிழை விட்டால் புள்ளி குறையும். இதில் பிழை விட்டால் உயிர் போகும். எழுதுபவன் சொல்லைத் தேர்ந்து எழுதுவான்.

முதல் அட்டை எழுதப்பட்டுவிட்டது. அந்தக் கராஜின் சுவரில், கார் மோதிய தழும்புக்கு மேலே அது தொங்குகிறது. எழுதியவன் அன்று துணி எடுக்கப் போனவனே. அதில் இரண்டு எழுத்துப்பிழைகள் இருந்தன; திருத்திக் கொடுத்தோம்.