சைனிக் பள்ளிகளுக்குச் சட்டம் எங்கே? ஒண்டிவீரன் மண்ணிலிருந்து ஒரு கேள்வி

தென்காசி மாவட்டத்தில் ஐந்தாம் வகுப்பு படிக்கும் ஒரு தலித் குழந்தை சைனிக் பள்ளியில் சேர விரும்பினால், பட்டியல் சாதியினருக்கான 15 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் போட்டியிடலாம். அந்த ஒதுக்கீட்டை வழங்கிய சட்டம் எது என்று தேடினால், அப்படியொரு சட்டமே இல்லை. சைனிக் பள்ளிகளுக்கென நாடாளுமன்றம் இதுவரை ஒரு சட்டமும் இயற்றவில்லை. ஏறத்தாழ அறுபத்தைந்து ஆண்டுகளாக இப்பள்ளிகள் ஒரு சங்கத்தின் விதிகளாலும் பாதுகாப்பு அமைச்சகத்தின் ஆணைகளாலும் மட்டுமே இயங்கி வருகின்றன. தனியார் பங்கேற்பில் புதிய சைனிக் பள்ளிகள் பெருகிவரும் இன்றைய சூழலில், சட்டத்தின் இந்த இன்மை தலித் மாணவர்களுக்கு நேரடி ஆபத்தாக மாறியுள்ளது.

சங்க விதிகளே சட்டமாக

தேசியப் பாதுகாப்பு அகாதெமிக்கு மாணவர்களை ஆயத்தம் செய்யும் நோக்கில், வி.கே. கிருஷ்ண மேனன் பாதுகாப்பு அமைச்சராக இருந்தபோது 1961இல் சைனிக் பள்ளிகள் தொடங்கப்பட்டன. இவற்றை நடத்தும் சைனிக் பள்ளிகள் சங்கம், காலனிய ஆட்சிக்கால 1860ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்ற அமைப்பு. நிலம், கட்டடம், உதவித்தொகை ஆகியவற்றை மாநில அரசுகள் தந்தன. நிர்வாகக் கட்டுப்பாடு ஒன்றியத்திடம் இருந்தது. தமிழ்நாட்டில் இவ்வகைப் பள்ளி ஒன்றே ஒன்றுதான்: 1962இல் உடுமலைப்பேட்டை அருகே அமராவதிநகரில் தொடங்கப்பட்டது.

சைனிக் பள்ளிகள் சங்கம் அரசமைப்பின் 12ஆவது உறுப்பு கூறும் ‘அரசு’ என்ற வரையறைக்குள் வரும் என்று, அனைத்திந்திய சைனிக் பள்ளி ஊழியர் சங்கம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. நிதி முழுவதும் அரசுகளிடமிருந்து வருவதும், கட்டுப்பாடு அரசிடம் இருப்பதுமே அதற்கான காரணங்கள். ஆகவே சமத்துவ உரிமை இப்பள்ளிகளையும் கட்டுப்படுத்தும். ஆனால் இட ஒதுக்கீட்டின் நிலை வேறு. 15(4), 16(4) உறுப்புகள் ஒதுக்கீடு வழங்க அரசுக்கு அதிகாரம் தருகின்றனவேயன்றி, வழங்கியே தீரவேண்டும் என்று கட்டாயப்படுத்துவதில்லை என்பதே நீதிமன்றங்களின் நிலைப்பாடு. பதவி உயர்வு தொடர்பான முகேஷ் குமார் வழக்கில் 2020இல் உச்ச நீதிமன்றம் இதை மீண்டும் வலியுறுத்தியது. எனவே சட்டத்தால் காக்கப்படாத ஒதுக்கீடு, நிர்வாகத்தின் விருப்பத்தில் நிற்கும் ஒதுக்கீடு. சைனிக் பள்ளிகளில் பிற பிற்படுத்தப்பட்டோருக்கான 27 விழுக்காடு 2021-22 கல்வியாண்டில்தான் நடைமுறைக்கு வந்தது என்பதே, நிர்வாகத்தின் விருப்பம் எத்தனை தாமதமாகக் கனியும் என்பதைக் காட்டும்.

கல்வி உரிமைச் சட்டம், 2009 சைனிக் பள்ளியைப் பெயர் சொல்லியே தன் வரையறையில் குறிப்பிடுகிறது. ஆயினும் அச்சட்டம் நலிந்த பிரிவினருக்கு வழங்கும் 25 விழுக்காடு முதல் வகுப்புச் சேர்க்கைக்கு உரியது. சைனிக் பள்ளியோ ஆறாம் வகுப்பில் தொடங்குகிறது. பெயர் சட்டத்தில் இருந்தும் பயன் குழந்தைக்கு எட்டவில்லை.

ஒப்பந்தம் சட்டமாகுமா?

2021 அக்டோபரில் ஒன்றிய அமைச்சரவை, தொண்டு நிறுவனங்கள், தனியார் பள்ளிகள், மாநில அரசுகள் ஆகியவற்றின் பங்கேற்பில் 100 புதிய சைனிக் பள்ளிகளை உருவாக்கும் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. அதற்கு முன்பு நாடெங்கும் இருந்தவை 33 மட்டுமே. புதிய பள்ளிகளில் குறைந்தது 40 விழுக்காட்டு இடங்கள் அனைத்திந்திய நுழைவுத்தேர்வின் வழியே நிரப்பப்படும். எஞ்சிய இடங்களுக்கு அதே பள்ளியில் ஏற்கெனவே பயிலும் மாணவர்கள் தகுதித் தேர்வு எழுதிச் சேரலாம். கட்டணம் செலுத்தி அந்தத் தனியார் பள்ளிக்குள் முன்பே நுழைந்தவர்களுக்கே இந்த இரண்டாம் வழி திறந்திருக்கிறது என்பது வெளிப்படை. ஒன்றிய அரசின் கட்டண உதவி வகுப்பில் பாதிப் பேருக்கு, அதுவும் கட்டணத்தில் பாதி, ஆண்டுக்கு அதிகபட்சம் 40,000 ரூபாய் என வரம்பிடப்பட்டுள்ளது.

இங்குதான் சட்டச் சிக்கல் கூர்மையடைகிறது. தனியார் கல்வி நிறுவனங்களில் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கீடு வழங்க 15(5) உறுப்பு இடம் தருகிறது. ஆனால் அதைச் ‘சட்டத்தின் வழியாக’ செய்ய வேண்டும் என்பது அதன் நிபந்தனை. சங்கத்துக்கும் பள்ளி நிர்வாகத்துக்கும் இடையே கையெழுத்தாகும் ஒப்பந்தம் சட்டமாகாது. அதை மீறினால் கேள்வி கேட்கும் உரிமை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட தரப்புக்கே முதன்மையாக உண்டு. சேர்க்கை மறுக்கப்பட்ட தலித் குழந்தை அந்த ஒப்பந்தத்தில் ஒரு தரப்பே அன்று. முந்தைய 33 பள்ளிகளைக் குறித்த ‘அரசு’ என்னும் தீர்ப்பும் தனியார் நிர்வாகங்களுக்குத் தாமாகப் பொருந்திவிடாது.

யார் இப்பள்ளிகளை நடத்துகிறார்கள் என்பதும் கவலைக்குரியது. கையெழுத்தான 40 ஒப்பந்தங்களில் 62 விழுக்காடு ஆர்.எஸ்.எஸ்., பாரதிய ஜனதா மற்றும் அவற்றோடு தொடர்புடையவர்களுக்குச் சென்றதாக 2024 ஏப்ரலில் ‘ரிப்போர்ட்டர்ஸ் கலெக்டிவ்’ புலனாய்வுச் செய்தி வெளியிட்டது. தேர்வு முறை புறநிலையானது என்று கூறிப் பாதுகாப்பு அமைச்சகம் அதை மறுத்தது. நாடாளுமன்றத்தில் விவாதித்து இயற்றிய சட்டம் இருந்திருந்தால், தேர்வின் அளவுகோல்கள் அச்சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கும். மறுப்பறிக்கைகளை மட்டுமே நம்பவேண்டிய நிலை வந்திராது.

தென்காசிக்கு என்ன இதில்?

குற்றாலத்திலிருந்து புளியரை வழியாக மலையைக் கடந்தால், ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில் கேரளத்தின் கழக்கூட்டம் சைனிக் பள்ளி உள்ளது. அமராவதிநகர் அதைப்போல இருமடங்குக்கும் மேல் தொலைவு. ஆனால் இடங்களில் 67 விழுக்காடு பள்ளி அமைந்த மாநிலத்தவருக்கு உரியது. எனவே அருகிலுள்ள பள்ளியில் தென்காசிக் குழந்தை வெளிமாநிலத்தவர். ஆறாம் வகுப்புக்கான தேர்வைத் தமிழில் எழுதலாம். ஒன்பதாம் வகுப்புக்கான தேர்வு ஆங்கிலத்தில் மட்டுமே. தமிழ்வழியில் பயிலும் அரசுப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி மாணவர்களுக்கு இரண்டாம் வாய்ப்பு அங்கேயே அடைபடுகிறது.

இன்னொரு இழப்பும் உண்டு. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்களில் 20 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். மாநிலக் கல்வி நிறுவனங்களில் அவர்களுக்கு 18 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. அதற்குள் அருந்ததியருக்கு 2009ஆம் ஆண்டுச் சட்டம் 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு வழங்குகிறது. இத்தகைய உட்பிரிவு அரசமைப்புக்கு உகந்ததே என்று 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அமராவதிநகரில் பெரும்பான்மை இடங்கள் தமிழ்நாட்டுக் குழந்தைகளுக்கே உரியவை என்றாலும், அங்கே ஒதுக்கீடு 15 விழுக்காடுதான். உள் ஒதுக்கீடு இல்லை.

பூலித்தேவரின் படைத்தளபதி ஒண்டிவீரனை அருந்ததியர் மக்கள் தம் முன்னோராகப் போற்றுகின்றனர். அவர் போரிட்ட நெற்கட்டும்செவல் இன்று தென்காசி மாவட்டத்தில்தான் உள்ளது. அதே படையின் வெண்ணிக் காலாடியைத் தேவேந்திரகுல மக்கள் நினைவுகூர்கின்றனர். ஒண்டிவீரனுக்கு 2022இல் ஒன்றிய அரசு அஞ்சல் தலை வெளியிட்டது. அவர் வழிவந்த குழந்தைக்கு ஒரு வகுப்பறை இருக்கையை உறுதிசெய்யும் சட்டத்தை மட்டும் அது இயற்றவில்லை.

இராணுவப் பள்ளியும் நம் வரலாறும்

இராணுவக் கல்வி நமக்கு அந்நியமானது அன்று. பாபாசாகேப் அம்பேத்கரின் தந்தை ராம்ஜி சக்பால் இராணுவப் பள்ளியில் தலைமையாசிரியராகப் பணியாற்றியவர். அம்பேத்கர் 1891இல் பிறந்ததும் மாவ் என்னும் படைமுகாம் நகரத்தில்தான். ஊர்ப் பள்ளிகள் தீண்டாமையால் மூடிக்கிடந்த காலத்தில், படைமுகாமின் பள்ளி எழுத்தறிவுக்கான வாயிலாக இருந்தது. ‘போர்க்குடி’ என்னும் கோட்பாட்டைக் கைக்கொண்ட ஆங்கிலேய அரசு, 1890களில் மகர்களைப் படையில் சேர்ப்பதை நிறுத்தியது. அவர்கள் தம் சேவையை எடுத்துக்கூறி மனுக்கள் எழுதினர்; பயன் இல்லை. மகர் படைப்பிரிவு நிலையாக அமைய 1941வரை காத்திருக்க நேர்ந்தது. நிர்வாக ஆணையால் திறக்கும் கதவை நிர்வாக ஆணையே மூடிவிடும் என்பது அந்த வரலாறு தரும் பாடம்.

அகாதெமி வாசலில்

சைனிக் பள்ளியின் 15 விழுக்காடு தேசியப் பாதுகாப்பு அகாதெமியின் வாசலில் முடிந்துவிடுகிறது. அங்கும், சென்னை அதிகாரிகள் பயிற்சி அகாதெமியிலும் சேர்க்கைக்குச் சாதிவழி ஒதுக்கீடு இல்லை. அதிகாரிகளான பின்னர் உயர்கல்வி பெறும் வெலிங்டன் பாதுகாப்புப் பணியாளர் கல்லூரி சென்னைப் பல்கலைக்கழகத்தின் பட்டத்தை வழங்குகிறது. இவ்வுயர்கல்வி முழுவதையும் ஒரே சட்டத்தின்கீழ்க் கொண்டுவரும் இந்தியத் தேசியப் பாதுகாப்புப் பல்கலைக்கழகத்துக்கு 2013இல் அடிக்கல் நாட்டப்பட்டது. அதன் வரைவு மசோதா இன்னும் சட்டமாகவில்லை. உள்நாட்டுப் பாதுகாப்புக்கான ராஷ்டிரிய ரக்ஷா பல்கலைக்கழகத்துக்கோ 2020இலேயே சட்டம் இயற்றப்பட்டுவிட்டது.

படைத்துறையில் ஒழுங்கும் தகுதியும் முதன்மை; அங்கே சட்ட உரிமைகளைப் பேசலாகாது என்பர் சிலர். படையினரின் அடிப்படை உரிமைகளைக் கட்டுப்படுத்த நாடாளுமன்றத்துக்கு 33ஆவது உறுப்பு அதிகாரம் தருவது உண்மையே. ஆனால் ஆறாம் வகுப்பில் சேரும் பத்து வயதுக் குழந்தை படைவீரர் அல்லர், மாணவர். ‘போரை எதிர்க்கும் நாம் இராணுவப் பள்ளியில் இடம் கேட்கலாமா?’ என்று நம் தோழர்களும் வினவுவதுண்டு. போர் குறித்த நிலைப்பாடு எதுவாயினும், பொதுப்பணத்தில் இயங்கும் பள்ளியில் சம இடம் கோருவது குடியுரிமைக் கோரிக்கை.

சட்டம் இருந்தால் என்ன மாறும் என்பதற்குத் தேசிய மாணவர் படை எடுத்துக்காட்டு. அதற்கு 1948ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது. தன்னைச் சேர்க்க மறுத்ததை எதிர்த்து ஒரு திருநங்கை மாணவி தொடுத்த வழக்கில், அச்சட்டப் பிரிவு திருநர் உரிமைச் சட்டத்துக்குத் தடையாக நிற்க முடியாது என 2021இல் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாதிட ஒரு சட்டப்பிரிவு அவருக்கு இருந்தது.

ஆகவே கோரிக்கைகள் தெளிவானவை. சைனிக் பள்ளிகளுக்கு நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்ற வேண்டும். தனியார் பங்கேற்புப் பள்ளிகளிலும் ஒதுக்கீடு அச்சட்டத்தால் கட்டாயமாக்கப்பட வேண்டும். மாநிலத்தவருக்கான இடங்களில் மாநிலத்தின் ஒதுக்கீட்டு விகிதமும் உள் ஒதுக்கீடும் பின்பற்றப்பட வேண்டும். பள்ளிவாரியாகச் சேர்க்கை விவரங்கள் ஆண்டுதோறும் வெளியிடப்பட வேண்டும். ஆறாம் வகுப்பு நுழைவுத்தேர்வுக்கான பயிற்சியை ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளிலேயே தமிழ்நாடு அரசு தொடங்க வேண்டும்; அதற்கு ஒன்றியத்தின் அனுமதி தேவையில்லை.

தென்காசி மக்களவைத் தொகுதி பட்டியல் சாதியினருக்கான தனித்தொகுதி. தனிநபர் மசோதாவாகவேனும் இக்கோரிக்கையை அவையில் வைக்கும் வாய்ப்பு அத்தொகுதி உறுப்பினருக்கு உண்டு. அதை வலியுறுத்தும் பொறுப்பு தென்காசியிலும் குற்றாலத்திலும் பயிலும் மாணவர்களுக்கும், இங்கு இயங்கும் அமைப்புகளுக்கும் உண்டு.