நண்பனுக்கு ஆசி கூறல்

ஆசி என்பது மேலிருந்து கீழே இறங்குவது என்பது நம்மவர் எண்ணம். பெற்றோர் பிள்ளைகளுக்கு ஆசி கூறுவர். குரு சீடனுக்குக் கூறுவார். இளையவன் ஒருவன் மேடையேறினால், "வாழ்த்த வயதில்லை, வணங்குகிறேன்" என்று ஒதுங்கிக் கொள்வான். கிறிஸ்தவ வீடுகளிலும் இவ்வழக்கம் வேரூன்றியிருக்கிறது. ஆசீர்வாதம் குருவானவரின் கடமை. நமக்கு "ஆமென்" ஒன்றே போதும் என்றிருக்கிறோம். இது சரியன்று என்பது என் கருத்து. நண்பன் நண்பனுக்கு, அவன் பெயரைச் சொல்லி, அவன் செவி கேட்க ஆசி கூறலாம், கூறவும் வேண்டும்.

இதற்கு வேதாகமமே சான்று தருகிறது. ரூத்தின் சரித்திரத்தில் போவாஸ் என்னும் நிலக்கிழவன் அறுவடை வயலுக்கு வருகிறான். அரிவாள் பிடித்து நிற்கும் ஆட்களுக்குக் கடவுளின் துணையை வேண்டுகிறான். அவர்கள் வாளாவிருக்கவில்லை, கடவுள் அவனை ஆசீர்வதிக்கும்படி மறுமொழி கூறுகின்றனர். முதலாளிக்குக் கூலியாள் ஆசி கூறுகிறான்! படுவான்கரை வயல்களில் வெள்ளாமை வெட்டுவோரைக் கண்ட நமக்கு இக்காட்சியின் அருமை எளிதில் விளங்கும். வியர்வை நாறும் வயலிலே, ஆலயமுமின்றி அங்கியுமின்றி ஆசி இருபுறமும் பாய்கிறது.

ஆரோனின் வழிவந்த ஆசாரியர் கூறும் ஆசி எண்ணாகமத்தில் உள்ளது. அதனைக் கூறும் உரிமை ஆசாரியருக்கே அளிக்கப்பட்டது என்பது மெய்தான். ஆயினும் ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். மக்கள் கூட்டம் முழுவதற்கும் கூறப்படும் அவ்வாசி, "உங்களை" என்று பேசாமல் "உன்னை" என்று பேசுகிறது. எபிரேய மூலத்திலும் ஒருமையே. எருசலேமின் அருகே, கெத்தேப் ஹின்னோம் என்னுமிடத்துக் கல்லறைக் குகையொன்றில், 1979 ஆம் ஆண்டு இரு சிறிய வெள்ளிச் சுருள்கள் கிடைத்தன. ஏறக்குறைய 2,600 ஆண்டுப் பழமையுடைய அவற்றில் இவ்வாசியின் சொற்கள் கீறப்பட்டிருந்தன. கூட்டத்துக்கு உரைத்த ஆசி, ஒருவர் தம்முடன் வைத்துக்கொள்ளும் பொருளாயிற்று. ஆசியின் இயல்பு அது; ஒருவனைத் தேடிச் சென்று சேர்வது.

"மனத்துக்குள் வேண்டினால் ஆகாதா? வாய்விட்டுச் சொல்வது ஆடம்பரமன்றோ?" என வினவுவாருமுளர். அந்தரங்கச் செபத்தை நான் குறை கூறேன். ஆனால், வாய்விட்டுக் கூறிய ஆசி கூறியவனையும் கட்டும். ஈசாக்கு யாக்கோபுக்குக் கூறிய ஆசியை, ஏசா கதறியழுதபோதும் மீளப்பெற இயலவில்லை. "உன் வீட்டில் அடுப்பு அணையாதிருக்கட்டும்" என்று நான் நண்பனிடம் சொன்னேனாயின், அவன் அடுப்பு எரிகிறதா என்று நாளை நான் பார்த்தாக வேண்டும். பசித்தவனுக்கு உணவு கொடாமல் சமாதானமாய்ப் போ என்று மட்டும் கூறி அனுப்புவதால் பயன் என்ன என்று யாக்கோபின் நிருபம் கேட்கிறது. மறைவில் வேண்டுபவனை அக்கேள்வி எளிதில் தொடாது. வெளிப்படக் கூறியவனை விடாது.

இனி, மட்டக்களப்புக்கே உரிய சிக்கலுக்கு வருவோம். இவ்வாவியின் இரு கரைகளிலும் கிறிஸ்தவனின் நண்பன் பெரும்பாலும் சைவன், அன்றேல் முஸ்லிம். "உனக்காகச் செபிக்கிறேன்" என்றதும், "என்னை மதம் மாற்ற நினைக்கிறானோ?" என்ற ஐயம் எழக்கூடும். அந்த ஐயம் காரணமற்றதன்று. 1814 இல் மெதடிஸ்த குரு வில்லியம் ஓல்ட் இங்கே வந்திறங்கிய காலந்தொட்டு, பள்ளிக்கூடமும் பிரசங்கமும் ஒரே கையால் வழங்கப்பட்டன. கல்வியை விரும்பியோர் பலர். பிரசங்கத்துக்கு அஞ்சியோரும் பலர்.

ஆதலின் ஆசி கூறுவோன் சில வரம்புகளை ஏற்க வேண்டும். முதலில் நண்பனின் சம்மதத்தைக் கேட்க வேண்டும். அவன் எதனை நன்மையென்று நாடுகிறானோ அதனையே வேண்ட வேண்டும்: மகளின் பரீட்சை, தாயின் சுகம், கடன் தீர்தல். ஆசிக்குள்ளே பிரசங்கத்தை ஒளித்து வைப்பது நட்புக்கு இழைக்கும் வஞ்சனை. "அவன் ஆன்ம ஈடேற்றத்தை விரும்பாதவன் என்ன நண்பன்?" என்று ஒரு பக்தர் கேட்கலாம். விரும்பட்டும்; அதனைத் தனியறையில் கடவுளிடம் கூறட்டும். நண்பனின் முகத்துக்கு நேரே கூறுவது நண்பனுக்கு உரியதாக இருக்கட்டும்.

1892 இல் காரைதீவில் பிறந்த மயில்வாகனன் மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியில் பயின்றார். பின்னர் அங்கே ஆசிரியராகவும் விளங்கினார். 1924 இல் துறவு பூண்டு சுவாமி விபுலாநந்தர் ஆனார். தமிழுக்கு "யாழ்நூல்" தந்தார். அவருடைய நலத்தை வேண்டிய கிறிஸ்தவ ஆசிரியர் எவரேனும் இருந்திருப்பின், அவர் காவி உடுத்தமையால் அவ்வேண்டுதல் பொய்த்தது என்போமா? முழுமையாகப் பலித்தது என்றே நான் சொல்வேன்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று, மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்துச் சிறுவர் பலர் உட்பட வழிபட வந்தோர் மாண்டனர். அதன்பின் குற்றமற்ற முஸ்லிம் அயலவரையும் ஐயம் சூழ்ந்தது. பழகிய முகங்கள் பாராமுகமாயின. பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் "ஆசி கூறு" என்று கேட்கும் தகுதி எவருக்குமில்லை. ஆனால் இழப்பேதுமின்றித் தப்பிய நம் போன்றோர் வாய் மூடியிருந்ததற்கு என்ன நியாயம்? யோபு துன்பத்தில் கிடந்தபோது அவன்மேல் குற்றம் சாட்டிய நண்பர்களுக்காகவே வேண்டினான். வேண்டியபோது அவன் சிறையிருப்பு மாறிற்று என்கிறது வேதம். குற்றம் சாட்டியவர்களுக்கே அவ்வாறெனில், குற்றமேதும் செய்யாத காத்தான்குடி நண்பனுக்கு ஒரு நல்வார்த்தை கூறத் தயங்குவானேன்?

அமெரிக்காவிலிருந்து வந்து புனித மிக்கேல் கல்லூரி மாணவருக்குக் கூடைப்பந்தாட்டம் பயிற்றிய யேசுசபைக் குரு யூஜின் ஹீபர்ட்டை இவ்வூர் மறக்கவில்லை. 1990 ஆகஸ்ட் 15 அன்று, போரின் நடுவே, வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில் அவர் காணாமற் போனார். உடன் சென்ற இளைஞர் பெர்ட்ரம் பிரான்சிஸும் மீளவில்லை. ஆபத்துக் காலத்திலும் ஊரைவிட்டு அகலாத அவ்வாழ்வைவிட விரிவான ஆசியுரை எது?

எல்லோரும் அத்துணைத் தூரம் செல்ல வேண்டியதில்லை. பக்கத்து வளவு வரை சென்றால் போதும். நண்பனின் பெயரைச் சொல்லுங்கள். அவன் விரும்பும் நன்மையை வேண்டுங்கள். வேண்டியதில் உங்கள் கையால் ஆகக்கூடிய பங்கை மறுநாளே செய்யுங்கள். அவன் தன் வழக்கப்படி உங்களுக்கு ஆசி கூறினால், போவாஸைப் போலத் தலை தாழ்த்தி ஏற்றுக்கொள்ளுங்கள்.