நியம்கிரி மக்களின் தீர்ப்பு

ஒடிசாவின் தென்பகுதியில் ராயகடா என்றொரு ஜில்லா இருக்கிறது. மலையும் காடும் ஓடையும் நிறைந்த ஜில்லா. 1992இல் கோராபுட் ஜில்லாவிலிருந்து பிரித்து உண்டாக்கப்பட்டது. 2011 ஜனத்தொகைக் கணக்குப்படி அங்கே வாழ்வோர் சுமார் 9 லட்சத்து 70 ஆயிரம் பேர். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஆதிவாசிகள்.

இந்த ஜில்லாவுக்கு மூன்று வகையான விருந்தாளிகள் வருகிறார்கள்.

முதலாவது விருந்தாளி காமிராவோடு வருகிறார். சட்டிகோணா புதன்கிழமைச் சந்தைக்கு மலையிலிருந்து இறங்கி வரும் டோங்ரியா கோந்த் பெண்களைப் படம் எடுக்கிறார். "ஆகா, என்ன அழகு!" என்று சொல்லிவிட்டு அடுத்த ரயிலில் போய்விடுகிறார்.

இரண்டாவது விருந்தாளி மாலையோடு வருகிறார். தேர்தல் நெருங்கினால் அடிக்கடி வருவார். அவர் வாக்குறுதி தருவார். மலைவாசிகள் வாக்குத் தருவார்கள். கணக்கு அத்தோடு தீர்ந்தது.

மூன்றாவது விருந்தாளி வரைபடத்தோடு வருகிறார். அவர் பெண்களையும் பார்ப்பதில்லை, பிள்ளைகளையும் பார்ப்பதில்லை. மலையின் உச்சியைப் பார்க்கிறார். அதற்குள் எத்தனை டன் பாக்சைட் இருக்கிறது என்று கணக்குப் போடுகிறார்.

நாம் அங்கே போனால் பார்க்க வேண்டியது இம்மூன்றும் அல்ல. அந்த மலைமக்கள் இந்த நாட்டுக்குக் கற்பித்த ஒரு பாடம் இருக்கிறது. உழைக்கும் தோழர் ஒவ்வொருவரும் கற்க வேண்டிய பாடம் அது.

மலை யாருக்குச் சொந்தம்?

ராயகடா, காளஹந்தி ஆகிய இரு ஜில்லாக்களிலும் பரந்து கிடப்பது நியம்கிரி மலைத்தொடர். டோங்ரியா கோந்த் மக்கள் சில ஆயிரம் பேர்தான். மலைச்சரிவில் சிறுதானியம் விதைக்கிறார்கள். அன்னாசி, மஞ்சள், இஞ்சி, வாழை பயிரிட்டுச் சந்தையில் விற்கிறார்கள். நியமராஜா என்பது அவர்கள் கும்பிடும் தெய்வம். நியமம் என்றால் சட்டம். மலையையும் நீரையும் காக்கும் சட்டத்தைத் தந்தவன் அவன் என்பது அவர்கள் நம்பிக்கை.

அந்த மலையின் உச்சியில் சுமார் 7 கோடி டன் பாக்சைட் இருக்கிறது. மழைநீரை உறிஞ்சி வைத்து, கோடையிலும் ஓடையாக விடுவது அந்தப் படுகைதான். வம்சதாரா, நாகாவளி ஆறுகளுக்கு இந்த மலைகளின் நீர் போய்ச் சேர்கிறது. ஆக, உச்சியை வெட்டினால் அடிவாரத்து வயலும் காயும்.

வேதாந்தா கம்பெனி என்ன செய்தது? மலையைத் தோண்ட அனுமதி கிடைக்கும் முன்பே அடிவாரத்தில், லாஞ்சிகரில், அலுமினா ஆலையைக் கட்டி முடித்தது. 2007இல் ஆலை ஓடத் தொடங்கிவிட்டது. பெண் கேட்கும் முன்பே பந்தல் போட்ட கதை! 2009இல் டெல்லியில் காங்கிரஸ் தலைமையிலான சர்க்கார் சுரங்கத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதியும் கொடுத்தது. மலைமக்கள் விடவில்லை, போராடினார்கள். சக்சேனா கமிட்டி சட்ட மீறல்களை அம்பலப்படுத்தியது. 2010 ஆகஸ்டில் அதே சர்க்கார் வன அனுமதியை மறுத்தது. இரண்டு நாள் கழித்து ராகுல் காந்தி லாஞ்சிகருக்கு வந்து, டெல்லியில் நான் உங்கள் சிப்பாய் என்றார். சிப்பாய் வந்தது நல்லதுதான். ஆனால் யுத்தத்தை நடத்தியது மலைமக்கள்!

பன்னிரண்டு ஊர், ஒரே பதில்

2013 ஏப்ரல் 18 அன்று சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்புச் சொன்னது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின்படி, மக்களின் உரிமையும் வழிபாடும் பாதிக்கப்படுமா என்பதைக் கிராமசபைகளே கூடி முடிவு செய்யட்டும் என்றது. ஜில்லா நீதிபதி அந்தஸ்துள்ள அதிகாரி பார்வையாளராக இருக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது.

நியம்கிரியில் ஊர்கள் நூற்றுக்கு மேல். மாநில சர்க்கார் தேர்ந்தெடுத்ததோ வெறும் 12. சின்னஞ்சிறு ஊர்களாகப் பொறுக்கி எடுத்தால் வசப்படுத்திவிடலாம் என்பதுதானே கணக்கு? கணக்குப் பொய்த்தது. 2013 ஜூலை 18 முதல் ஆகஸ்ட் 19 வரை கூட்டங்கள் நடந்தன. போலீஸ் காவல் நிற்க, நீதிபதி முன்னிலையில், 12 ஊரும் சொன்ன பதில் ஒன்றே: "மாட்டோம்!"

ஓர் ஊர்கூடப் பிசகவில்லை. ஒரு பெரும் கம்பெனியும் ஒரு மாநில சர்க்காரும் ஒன்றாக நின்றும் அந்த ஒற்றுமையை உடைக்க முடியவில்லை. 2014 ஜனவரியில் மத்திய சர்க்கார் சுரங்கத்தை நிராகரித்தது. மறுபடி கூட்டம் போட வேண்டும் என்று 2016இல் மீண்டும் கோர்ட்டுக்குப் போனார்கள், அதுவும் பலிக்கவில்லை. நியம்கிரியின் உச்சி இன்றும் வெட்டப்படாமல் நிற்கிறது.

"வேலை வருமே!"

நம் தோழர்களிலேயே சிலர் கேட்கக்கூடும்: "சுரங்கம் வந்தால் வேலை வருமே, தொழிலாளி ஏன் எதிர்க்க வேண்டும்?" நியாயமான கேள்வி. ஆத்திரப்படாமல் பதில் சொல்ல வேண்டிய கேள்வி.

நாம் தொழிலுக்கு எதிரிகள் அல்லர். அலுமினியம் வேண்டாம் என்பவர்களும் அல்லர். யாரிடம் பிடுங்கி, யாருக்குக் கொடுக்கிறீர்கள் என்பதுதான் நம் கேள்வி. இயந்திரமே பெரும்பகுதி வேலையைச் செய்யும் தொழில் இது; ஊராருக்கு மிஞ்சுவது பெரும்பாலும் காண்டிராக்ட் கூலி. 2019 மார்ச்சில் லாஞ்சிகர் ஆலை வாசலில் ஊர்மக்கள் கூடி, வேலை கொடு, பிள்ளைகளுக்குப் பள்ளியில் இடம் கொடு என்று கேட்டார்கள். கிடைத்தது தடியடி. ஒரு தொழிலாளி உயிரிழந்தார். மோதலில் காவலர் ஒருவரும் உயிரிழந்தார். இருவருமே ஏழை வீட்டுப் பிள்ளைகள். எந்தப் பங்குதாரருக்கும் ஒரு கீறல்கூட இல்லை!

இதற்கு முன் ராயகடா ஜில்லாவும் ரத்தம் சிந்தியது. 2000 டிசம்பர் 16 அன்று, காசிப்பூர் வட்டாரத்து மைகாஞ்ச் கிராமத்தில், மற்றொரு அலுமினா திட்டத்தை எதிர்த்த ஆதிவாசிகள் மூவர் போலீஸ் குண்டுக்குப் பலியானார்கள். அப்போது மாநிலத்தில் இருந்தது பிஜு ஜனதா தளமும் பாரதிய ஜனதாவும் சேர்ந்த ஆட்சி.

வேதாந்தா என்ற பெயர் தமிழ்நாட்டுத் தொழிலாளிக்குப் புதிதா? தூத்துக்குடி ஸ்டெர்லைட் அதே கம்பெனியின் ஆலைதான். 2018 மே 22இல் அங்கே துப்பாக்கி பேசியது. உயிரிழந்தோர் 13 பேர். மைகாஞ்சில் மூவர், தூத்துக்குடியில் பதின்மூவர். கம்பெனி வேறாக இருக்கலாம், ஜில்லா வேறாக இருக்கலாம். "இது எங்கள் ஊர்" என்று சொன்னவனுக்குக் கிடைத்த பதில் ஒன்றுதான்.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். திருப்பூரிலும் சென்னையிலும் ஒடிசாத் தொழிலாளர்கள் நம் பக்கத்து இயந்திரத்தில் நிற்கிறார்கள். "அவன் குறைந்த கூலிக்கு வந்து நம் பிழைப்பைக் கெடுக்கிறான்" என்று சிலர் முணுமுணுக்கிறார்கள். நிலம் போனவன் எங்கே போவான்? காட்டை இழந்தவன் எதை விற்பான்? தன் கையைத்தான் விற்பான். கேட்ட விலைக்கு விற்பான். மலையில் ஒருவனை விரட்டினால் ஆலை வாசலில் நம் கூலி குறைகிறது. அந்த மலைவாசி நமக்குப் போட்டியாளன் அல்லன். நம்மைப்போல் சுரண்டப்படும் சகோதரன்.

உரிமையைத் திருடும் வித்தை

மலைமக்களை நேரே வெல்ல முடியாதவர்கள் இப்போது பின்வாசல் தேடுகிறார்கள். முன்பு, காட்டை ஒப்படைக்க டெல்லி இறுதி ஒப்புதல் தரும் முன்பே கிராமசபையின் சம்மதம் வேண்டும் என்றிருந்தது. 2022இல் மோடி சர்க்கார் விதியை மாற்றியது. இப்போது டெல்லி முதலில் ஒப்புதல் தந்துவிடலாம். வன உரிமை விவகாரத்தை மாநிலம் பிறகு பார்த்துக்கொள்ளுமாம்! தாலி கட்டிவிட்டுப் பெண்ணின் சம்மதம் கேட்பதற்குப் பெயர் சம்மதமா? பழங்குடியினருக்கான தேசிய கமிஷனே இதை ஆட்சேபித்தது. காதில் போட்டுக்கொண்டார்களா?

நியம்கிரி கைநழுவியதும் கண் சிஜிமாலி மலைமீது விழுந்தது. 2023இல் அதன் பாக்சைட் ஏலம் வேதாந்தாவுக்குப் போயிற்று. அவ்வாண்டு டிசம்பரில் கிராமசபைகள் சம்மதித்துவிட்டதாகக் காகிதம் சொல்கிறது. அப்படி ஒரு கூட்டமே முறையாக நடக்கவில்லை, கையெழுத்து பொய் என்கிறார்கள் ஊர்மக்கள். நியம்கிரியில் நீதிபதி கண்முன் கேட்டபோது "மாட்டோம்" என்ற பதில் வந்தது. நீதிபதி இல்லாத இடத்தில் மட்டும் "சரி" என்ற பதில் எப்படி முளைக்கிறது?

ராஷ்டிரபதி மாளிகையில் 2022 முதல் ஓர் ஆதிவாசிப் பெண்மணி இருக்கிறார். 2024இல் ஒடிசாவின் முதல் மந்திரியாக ஓர் ஆதிவாசி பதவியேற்றார். மகிழ்ச்சி. ஆனால் நாற்காலியில் உட்காருபவரின் குலம் மாறினால் போதாது. நாற்காலி யாருக்கு ஊழியம் செய்கிறது என்பது மாற வேண்டும். கிராமசபையின் "மாட்டோம்" என்ற சொல்லுக்கு மதிப்பில்லாவிட்டால், பதவிப் பெருமை மலையடிவாரத்துக் குடிசையில் அடுப்பெரிக்காது.

தோழர்களே! வேலை நிறுத்தம் என்பது தொழிலாளியின் "மாட்டோம்". கிராமசபைத் தீர்மானம் என்பது மலைவாசியின் "மாட்டோம்". ஒன்றைப் பறிப்பவன் மற்றதை விட்டுவைக்க மாட்டான். ஆகவே அந்த விதி மாற்றத்தை வாபஸ் வாங்கு, சம்மதத்தை முதலில் கேள், சிஜிமாலியில் நியம்கிரியைப் போல் நீதிபதி முன்னிலையில் கிராமசபையைக் கூட்டு என்ற கோரிக்கைகள் நமது சங்கக் கூட்டங்களிலும் தீர்மானமாக ஒலிக்க வேண்டும். பன்னிரண்டு சிற்றூர்கள் தனித்து நின்றே இவ்வளவு சாதித்தன. அவற்றின் பின்னால் ஆலைத் தொழிலாளியும் அணிவகுத்தால் எந்த மலையைத்தான் அசைக்க முடியும்?